படிவத்தில் வரி இல்லாத ரப்பர்

எங்கள் அலுவலகக் காரை இனி ஓட்டத்துக்கு உதவாது, கழித்துவிடலாம் என்று குறிப்பெழுதியவன் நான்தான். ஒரே பக்கம், அடித்தல் திருத்தல் கிடையாது. அறுபதுகளின் தொடக்கத்தில், திண்டிவனத்தில், அப்பர் டிவிஷன் கிளார்க்காக இருந்த காலம். பி.ஏ. படித்தவன் என்பதால் மற்றவர்கள் தொட விரும்பாத கோப்பெல்லாம் என் மேசைக்கு வந்து சேரும். கார்க் கோப்பும் அப்படி வந்ததுதான்.

கார் வெள்ளைக்காரர்கள் விட்டுப்போனது. கிளம்பும்போது ஒரு உலுக்கு உலுக்கும். கியர் மாற்றினால் அடியில் 'டொக்' என்று இடிக்கும். சும்மா நின்று ஓடும்போதுகூடக் குளிர்காய்ச்சல்காரன் போல நடுங்கும். விழுப்புரம் பட்டறையிலிருந்து ஃபோர்மேன் வந்து பார்த்தார். வேப்பமர நிழலில் நிறுத்தி, பானட்டைத் திறந்து, எஞ்சினை ஓடவிட்டு ஐந்து நிமிடம் கேட்டார். அவர் நிரப்ப வேண்டிய படிவத்தில் எஞ்சின் என்ற தலைப்பின் கீழ் பிஸ்டன், பேரிங், வால்வு என்று வரிவரியாக இருக்கும். எது பழுது என்று தெரியாததால் எல்லா வரிகளையும் ஒரே அடைப்புக்குறிக்குள் சேர்த்து, எதிரே 'தேய்மானம்' என்று எழுதிவிட்டுக் காபி குடிக்கப் போனார். அதை நம்பித்தான் நான் குறிப்பெழுதினேன்.

எங்கள் விதிகளின்படி டிரைவர் பதவி ஆளுக்காக அனுமதிக்கப்படுவதில்லை, வண்டிக்காக அனுமதிக்கப்படுவது. வண்டி போனால் பதவியும் போகும். காலியிடம் எங்கே இருக்கிறதோ அங்கே ஆளை அனுப்புவார்கள். அப்போது காலியிடம் இருந்தது திருநெல்வேலிப் பக்கம். எங்கள் டிரைவரின் மனைவி திண்டிவனத்தில் பாதிரியார்கள் நடத்திய பள்ளியில் டீச்சர். மாற்றல் என்ற பேச்சுக்கே இடமில்லாத வேலை. குறிப்பு மேலே போன மறுநாள் டிரைவர் என் மேசைக்கு எதிரே வந்து நின்றார்.

"சார், எஞ்சினு நல்லா கீது சார். பொகை அடிக்கல, ஆயில் குடிக்கல, மேட்டுல மூச்சு வாங்கல. அப்புறம் இன்னாத்துக்கு செத்துப்போச்சுன்னு எழுதறீங்க?"

"அப்ப ஏன் அந்த ஆட்டம் ஆடுது?"

"அது தெரிஞ்சா நான் ஏன் சார் இங்க வந்து நின்னுக்கினு இருக்கப்போறேன்?"

ஏன் ஆடுகிறது என்பது, நான் குறிப்பெழுதும் முன்பே கேட்டிருக்க வேண்டிய கேள்வி. இரக்கம் என்று யாரும் தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம். என் கையெழுத்தோடு ஒரு தவறு தலைமை அலுவலகம் வரை போய்க்கொண்டிருக்கிறது என்பதே என்னை உறுத்தியது. உத்தரவு வருமுன் மறுபரிசோதனை கோர விதியில் இடமுண்டு. அதுவரை யாரும் கோரியதில்லை, அவ்வளவுதான். அன்றே எழுதினேன். ஃபோர்மேன் பத்து நாளில் வருவார் என்று பதில் வந்தது.

காருடன் ஒரு ஆங்கிலக் கையேடும் வந்திருந்தது. இருப்புப் பதிவேட்டில் 'புத்தகம், ஒன்று' என்று ஏறி, பீரோவுக்குள் பூச்சிகளுக்கு உதவிக்கொண்டிருந்தது. ஞாயிற்றுக்கிழமை முழுக்க அதைப் படித்தேன். எஞ்சின் வண்டியின் இரும்புச் சட்டத்தின் மேல் நேராக உட்காருவதில்லை. மவுண்டிங் எனப்படும் ரப்பர் கட்டைகளின் மேல் உட்காருகிறது. அவை போய்விட்டால், நல்ல எஞ்சினின் துடிப்பும் வண்டி முழுக்கப் பரவும். படிவத்தின் அலுவலக நகலை எடுத்துப் பார்த்தேன். அந்த ரப்பருக்கு அதில் வரியே இல்லை. வரி இல்லாத பொருள் எங்கள் இலாகாவில் பழுதாக முடியாது.

திங்கட்கிழமை விழுப்புரத்துக்குத் தபால் கொண்டுபோகும் வேலையைக் கேட்டு வாங்கிக்கொண்டு, நோட்டும் பென்சிலுமாக முன் சீட்டில் உட்கார்ந்தேன். கிளம்பும்போது இடி, குறித்தேன். சீரான வேகத்தில் மைல் கணக்காக ஓடியபோது ஒன்றுமில்லை, அதையும் குறித்தேன். விக்கிரவாண்டிக்கு முன்னால் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை மூட்டை ஏற்றிய மாட்டு வண்டிகள் வழியை அடைத்துக்கொண்டு போயின. ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் ஒரு இடி, மறுபடி மிதித்தால் இன்னொன்று. ஒவ்வொரு இடிக்கும் கியர் கம்பி தானாகத் துள்ளியது. விழுப்புரம் ரயில்வே கேட்டில் நின்றபோது ரிவர்ஸ் எடுக்கச் சொன்னேன்.

"பின்னாடி லாரிக்காரன் நின்னுக்கினு கீறான் சார்."

"ரெண்டு அடி போதும்."

"திட்டுவான்."

"திட்டினா நான் வாங்கிக்கறேன். எடுங்க."

திட்டினான். இடியும் வந்தது. பேரிங் தேய்ந்திருந்தால் சீராக இழுக்கும்போதும் தட்டிக்கொண்டே வர வேண்டும். இது எஞ்சின் தன் பாரத்தை ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் மாற்றும்போது மட்டும் இடித்தது. எஞ்சின் உள்ளே கெடவில்லை, இருந்த இடத்தில்தான் நிற்கவில்லை.

திண்டிவனம் திரும்பியதும் ஆயில் தொட்டிக்கு அடியில் ஒரு பலகையை வைத்து, ஜாக்கியால் எஞ்சினை விரல் அளவு தூக்கினோம். ரப்பருக்கும் அதன் இரும்புத் தகட்டுக்கும் நடுவே வெளிச்சம் தெரிந்தது. தொட்டுப் பார்த்தேன். கேப்பைக் களி போல விரல் உள்ளே போனது. முகர்ந்தால் நல்லெண்ணெய் வாசனை.

"இது இங்க எப்படி வந்துது?"

டிரைவர் பிடரியைச் சொறிந்தார். "ஆயுத பூசைக்கு சார். வருசா வருசம் கிரசின்ல கழுவி, நல்லெண்ணெ போட்டுத் தொடைப்பேன். பளபளன்னு கீதுன்னு நீங்ககூட சொன்னீங்களே."

"ரப்பருக்குமா?"

"அதுக்கு மட்டும் ஓரவஞ்சனை பண்ணலாமா? அதுதான் கிறீச்சுனு கத்திக்கினு இருந்துது. ரெண்டு சொட்டு சாஸ்தியாவே உட்டேன்."

எண்ணெய் பட்டால் ரப்பர் ஊறி நைந்துவிடும் என்று கையேடு எச்சரித்திருந்தது. டிரைவர் கத்தோலிக்கர். ஆனாலும் அலுவலக ஆயுத பூஜையில் காரை வேறு யாரும் தொட விட்டதில்லை. பூஜை எண்ணெய்க்கு ஆண்டுதோறும் ஒப்புதல் கையெழுத்துப் போட்டு வந்தவன் நான்.

பத்தாம் நாள் ஃபோர்மேன் வந்து இறங்கும்போதே ஆரம்பித்தார். "இன்னா கிளார்க்கு சார், பேனாவை வெச்சிட்டு ஸ்பேனர் புடிச்சிக்கினீங்களாமே?"

"நீங்க ஸ்பேனரை வெச்சிட்டுப் பேனா புடிச்சதால வந்த வேலைங்க."

எஞ்சின் மேலும் அதையொட்டிய உடல் தகட்டின் மேலும் சாக்கட்டியால் ஒரே நேர்க்கோடு போட்டேன். சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கருங்கல் வைத்தோம். வண்டிக்கு எதிரே யாரும் நிற்கக்கூடாது என்று கையேட்டில் இருந்ததால் ஃபோர்மேனைப் பக்கவாட்டில் நிற்க வைத்தேன். டிரைவர் பிரேக்கை அழுத்தி மிதித்துக்கொண்டு, முதல் கியரில் கிளட்சை மெல்ல விட்டார். எஞ்சின் ஒரு பக்கமாக எழும்பியது. கோடு இரண்டாக முறிந்து, நடுவே இரண்டு விரல் இடைவெளி விழுந்தது. ரிவர்ஸில் போட்டபோது மறுபக்கம் சாய்ந்து 'டொக்' என்றது.

"இன்னொரு வாட்டி," என்றார் ஃபோர்மேன். மூன்று வாட்டி பார்த்தார். பிறகு குனிந்து ரப்பரைத் தொட்டு, விரலை மூக்கருகே கொண்டுபோனார். "சரி, மவுண்டிங்தான். காரணம் இன்னான்னு எழுதறது?"

டிரைவர் தரையைப் பார்த்தார். ஓட்டுநரின் கவனக்குறைவால் சேதம் என்று எழுதினால், கார் பிழைத்தாலும் அவருக்கு மெமோ வரும். மெமோவின் முடிவில் அதே திருநெல்வேலிதான். எண்ணெய்க்குக் கையெழுத்திட்ட எனக்கும் ஒன்று வரும்.

"வயசு," என்றேன்.

"வயசான ரப்பர்ல நல்லெண்ணெ வாசனை வருமா?"

"அடைப்புக்குறி போட்டா எல்லா பேரிங்கும் தேஞ்சிடுமா?"

 ஃபோர்மேன் என் சட்டைப் பையிலிருந்த பேனாவைத் தானே எடுத்துக்கொண்டார். பழைய படிவத்தின் நகலைக் கிழித்துப் போட்டு, புதியதன் அடியில் அளவுகோல் இல்லாமலே ஒரு கோடிழுத்து, புது வரி உண்டாக்கினார்: 'மவுண்டிங் ரப்பர் - பழமையால் நைந்தது. மாற்றினால் போதும்.' அதற்குக் கீழே மேலொப்பம் இட்டேன். என் பணிக்காலத்தில் தெரிந்தே நான் கையெழுத்திட்ட பொய் அது ஒன்றுதான். நடைமுறையில் ஒரு பிழையும் இல்லை.

விழுப்புரத்தில் புது ரப்பர் வாங்கி மாட்டினார்கள். டிரைவர் திண்டிவனத்திலேயே இருந்தார். அடுத்த ஆயுத பூஜைக்கு எண்ணெய்ச் சீட்டுடன் வந்தார். அளவைப் பாதியாக வெட்டினேன்.

"வெளக்குக்கு மட்டும்தான் வரும் சார் இது."

"விளக்குக்கு மட்டும்தான்."

மறு பேச்சு இல்லாமல் போனார். அது எனக்குச் சந்தேகத்தைக் கொடுத்தது. பூஜையன்று யாரும் இல்லாத நேரம் பார்த்துப் பானட்டைத் திறந்தேன். எஞ்சின் வழக்கம்போல் எண்ணெயில் பளபளத்தது, வீட்டிலிருந்து கொண்டுவந்திருக்கிறார். ரப்பர் கட்டைகளில் மட்டும் ஒரு சொட்டுப் படாதபடி, வாழையிலைக் கிழிசலைச் சுற்றி, நாரால் இறுகக் கட்டி வைத்திருந்தார்.