பால்கனி பெருமாளுக்கு, பிரிட்ஜ் எங்களுக்கு

சின்ன காஞ்சிபுரத்தில் வாடகைக்கு வீடு கேட்டுப் போனால் உங்கள் பெயரைக் கேட்பதற்கு முன் உங்கள் குழம்பைக் கேட்பார்கள். "கவிச்சி சமைப்பீங்களா?" என்றார் வீட்டுக்கார அம்மா. நிதானமாகப் பதில் சொல்கிற வயதுதான் எனக்கு. "முட்டையப் பாத்தாலே தல சுத்தும்மா" என்றேன். பக்கத்தில் நின்ற மனைவி என்னைப் பார்த்த பார்வையில்தான் உண்மையாகவே தலை சுற்றியது.

பொய்க்கு ஒரு நியாயம் இருந்தது. பழைய வீட்டுக்காரர், மகனுக்குக் கல்யாணம் என்று எங்களைக் காலி செய்யச் சொல்லியிருந்தார். அதன்பின் ஏறிய மாடிப்படிகளில் எல்லாம் உண்மையையே பேசி, எல்லாவற்றிலிருந்தும் மரியாதையாக இறக்கிவிடப்பட்டிருந்தோம். "இதுவும் போச்சின்னா நான் எங்கம்மா வீட்டுக்குப் போயிடுவேன், நீங்க பஸ் ஸ்டாண்டுல சௌகரியமா இருங்க" என்று மனைவி எனக்கு இடம்கூட ஒதுக்கியிருந்தாள்.

கீழே அவர்கள் குடும்பமும் பட்டுத் தறியும். மேலே எங்களுக்கு இரண்டு அறை, தெருவைப் பார்த்து ஒரு பால்கனி. அட்வான்ஸ் கொடுக்க நான் தனியாகப் போனபோது அந்த அம்மா போட்ட நிபந்தனை ஒன்றே ஒன்று. "வைகாசி கருட சேவை அன்னிக்கு மட்டும் பால்கனி எங்களுது. சாமி இப்படித்தான் போவாரு. எங்க சொந்தக்காரங்க மேல வந்து பாப்பாங்க."

வருடத்தில் ஒரு காலைதானே! "தாராளமா வரட்டும்மா" என்று சொல்லிவிட்டு மறந்தேன். மனைவியிடம் சொல்லவும் மறந்தேன். மறதியில் நான் அரைகுறை வேலை செய்வதில்லை.

குடிவந்தபின் ஞாயிறுதோறும் ஜன்னலைச் சாத்தி, மீன் வாசனைக்கு மேல் சாம்பிராணி போட்டோம். எங்கள் பக்தி தெருவில் பரவியது.

கருட சேவையும் வந்தது. என் மைத்துனன் வருடந்தோறும் அதற்கு வருவான். காலையில் பெருமாள், மதியம் எங்கள் வீட்டில் கோழி பிரியாணி. இரண்டில் எது குறைந்தாலும் அவனுக்கு மனசு ஆறாது. எனவே முந்தைய நாளே கோழிக்கு மசாலா தடவி, தூக்குப் பாத்திரத்தில் போட்டு, பிரிட்ஜில் வைத்திருந்தாள் மனைவி.

விடிந்தும் விடியாமலும் கதவு தட்டப்பட்டது. வீட்டுக்கார அம்மாவின் வம்சமே படியேறி வந்தது. விசிறி, பிளாஸ்க், கைக்குழந்தைகள். பால்கனி நிரம்பி, ஹால் நிரம்பி, வழிந்தவர்கள் சமையலறைக்குள் வந்தார்கள். வயதான அத்தை ஒருவர் பிரிட்ஜைப் பார்த்துக் கை நீட்டினார். "சில்லுனு தண்ணி இருக்குதாபா?"

நான் பாய்ந்துபோய் பிரிட்ஜ் கதவில் முதுகைச் சாய்த்தேன். "பானைத் தண்ணி தரேம்மா, அதான் ஒடம்புக்கு நல்லது." எங்கள் வீட்டில் பானையே கிடையாது.

"இன்னா பண்ணப் போறீங்க?" என்று மனைவி காதருகே கேட்டாள்.

"யோசிக்கிறேன்."

"அதான் பயமா இருக்குது."

யோசித்து முடித்தேன். பின் தெருவில் ஒரு நண்பன் வீடு இருந்தது. அத்தை பால்கனிப் பக்கம் திரும்பிய நேரம் தூக்கை எடுத்துத் துண்டைப் போட்டு மூடி, தீர்த்தக் குடம் போல மார்போடு அணைத்துக்கொண்டு படியிறங்கினேன். வாசலிலேயே நீர்மோர்ப் பந்தல். மோருக்கு நின்றவர்கள் என்னைப் பார்த்ததும் கை நீட்டினார்கள். "பிரசாதமா சாமி? இப்படிக் கொஞ்சம்…"

மோர் ஊற்றிக்கொண்டிருந்த வீட்டுக்கார அம்மா திரும்பினார். "இன்னாபா அது?"

"புளியோதரைம்மா."

"நல்லதாப் போச்சி. மேல எல்லாம் பசியோட இருக்குறாங்க. குடு இப்படி."

பிடியில் அவர் கை. என் கையும் அதே பிடியில். நான் விடவில்லை, அவரும் விடவில்லை. தெருமுனையில் "கோவிந்தா" என்று கூட்டம் முழங்கியது. மூடி லேசாக நகர்ந்தது. அவர் குனிந்து முகர்ந்தார்.

"உங்க வூட்ல புளியோதரைக்குப் பூண்டு போடுவீங்களா?"

"கொஞ்சமாத்தாம்மா" என்றேன். இந்த மூளையை வைத்துக்கொண்டு நான் எப்படிப் பிழைத்தேன் என்பது எனக்கே தெரியாது.

அவர் தெருமுனையில் தெரிந்த சாமிக் குடையைப் பார்த்தார். தூக்கைப் பார்த்தார். கையை எடுத்தார். "சாமி வந்துக்கினு இருக்குது. எடுத்துக்கினு அந்தாண்ட போ. மொதல்ல போ."

எங்கெங்கிருந்தோ சனம் பஸ் பிடித்துப் பெருமாளைப் பார்க்க வந்தது. வாசலுக்கே வந்த பெருமாளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, கோழியோடு சந்துக்குள் ஓடியவன் நான் ஒருவன்தான்.

திரும்பி வந்தபோது சாமி தாண்டிப் போயிருந்தார். அந்த அம்மா மோர்க் கரண்டியை என் கையில் கொடுத்தார். ஊற்றினேன். மனசுக்குள் மூட்டை கட்டிக்கொண்டே ஊற்றினேன். பீரோவுக்கு எந்த வண்டி பிடிப்பது? மனைவியிடம் யார் சொல்வது? பாதி மோர் தரைக்குப் போனது.

அத்தை மேலிருந்து இறங்கி வந்து ஒரு தம்ளர் வாங்கிக் குடித்தார். "மேல குடியிருக்கிறவருதானே இவரு? தங்கமான மனுசன். சாமியக் கூடப் பாக்காம மோர் ஊத்திக்கினு நிக்கிறாரு பாரு."

வீட்டுக்கார அம்மா என் பக்கம் திரும்பவே இல்லை. "ஆமா அத்தே. இனிமே வருசா வருசம் இவருதான் ஊத்துவாரு."

வருசா வருசம்! மனசுக்குள் வண்டியில் ஏற்றியிருந்த பீரோவை மெல்ல இறக்கி, இருந்த இடத்திலேயே வைத்தேன்.