ருத்ரேஷுக்கு நினைவு தப்பிய பதினான்கு நாட்கள்

1. பத்து மணி ஏழு நிமிடம்

எங்கள் கதை ஆப்பில் தினமும் புது அத்தியாயம் காலை பத்து மணிக்கு வெளியாகும். அன்று பத்து மணிக்கு ‘கறுப்புக் கோட்டும் கனகாம்பரமும்’ தொடரின் இரண்டாம் பாகம் ஆரம்பம். ஆபீசில் கேக் வாங்கி வைத்திருந்தோம். பத்து ஏழுக்கு முதல் கமெண்ட் வந்தது.

“அட்மின், தப்பான கதையை அப்லோட் பண்ணிட்டீங்க போல. கொஞ்சம் செக் பண்ணுங்க.”

தப்பான கதை இல்லை. சரியான கதையைத்தான் ஏற்றியிருந்தோம். அதுதான் பிரச்சினை.

நான் அப்போது அந்த ஆப்பின் பெங்களூர் கோரமங்களா ஆபீசில் சீனியர் தமிழ் எடிட்டர். அதற்கு முன்பு பல வருடங்கள் பள்ளிக்கூட நோட்ஸ் போடும் பதிப்பகம் ஒன்றில் பிழை திருத்திக்கொண்டிருந்தேன். ஒளிச்சேர்க்கையிலிருந்து மாஃபியா ரொமான்ஸுக்கு வந்தவள் என்று என்னை நானே அறிமுகப்படுத்திக்கொள்வேன். புதிதாக இந்த வேலைக்கு வருகிறவர்கள் என்னிடம் அடிக்கடி கேட்பது, நான் செய்ததிலேயே பெரிய தவறு எது என்று. அதைத்தான் இங்கே எழுதுகிறேன். வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் நினைக்கும்போதெல்லாம் சிரிப்பும் வந்துவிடுகிறது.

மாஃபியா ரொமான்ஸ் படிக்காதவர்களுக்கு ஒரு வார்த்தை. நாயகன் ஊரையே நடுங்க வைக்கும் டான். நாயகி சாதாரணப் பெண். அவன் யாருக்கும் பயப்பட மாட்டான், அவள் முறைத்தால் மட்டும் பயப்படுவான். இதை நூறு விதமாக எழுதலாம். நூறையும் வாசகிகள் படிப்பார்கள். நானும் முதலில் சம்பளத்துக்காகத்தான் படித்தேன். பிறகு வீட்டுக்குப் போகும் சந்தாபுரா பஸ்ஸில் ஸ்டாப் தவறவிட்டு, அத்திபெலே வரைக்கும் போய்த் திரும்பி வரும் அளவுக்குப் படித்தேன்.

2. பீன்யாவிலிருந்து மிலான்

தொடரை எழுதியவர் பெயர் செந்தூரி. அது புனைபெயர். நிஜப் பெயர் மங்கை. தர்மபுரிப் பக்கத்துப் பெண், முப்பத்து நான்கு வயது, பீன்யா தொழிற்பேட்டையில் வால்வு தயாரிக்கும் ஒரு ஃபேக்டரியில் குவாலிட்டி இன்ஸ்பெக்டர். காலையிலும் மாலையிலும் கம்பெனி பஸ்ஸில் உட்கார்ந்து போனில் எழுதுவார். டிராஃபிக் அதிகமான நாட்களில் அத்தியாயம் நீளமாக வரும்.

கதை நடப்பது இத்தாலியில், மிலான் நகரத்தில். மங்கை மைசூரைத் தாண்டி எங்கேயும் போனதில்லை. மேப்பில் தெருத் தெருவாகப் பார்த்து எழுதுவார். டான் ருத்ரேஷ் எந்தச் சந்தில் திரும்பினால் எந்தப் பாலம் வரும் என்று என்னிடம் அடித்துச் சொல்வார். ஒருமுறை ருத்ரேஷ் ஏழு பேரைச் சுட்டுவிட்டு வந்து தக்காளி சாதம் சாப்பிட்டான். நான் அதை அந்த ஊர்ச் சாப்பாடாக மாற்றினேன். மறுநாள் நாற்பது பேர் அது என்ன பண்டம், உடம்புக்கு ஆகுமா என்று கேட்டிருந்தார்கள். மீண்டும் தக்காளி சாதமாக மாற்றினோம்.

நாயகி கயல், மிலானுக்கு வேலைக்குப் போன நர்ஸ். குண்டடிபட்டு வந்தவனுக்குத் தையல் போடும்போது, ‘ஆடாம உக்காரு’ என்று அதட்டினாள். அங்கேயே அவன் காதலில் விழுந்துவிட்டான். நூற்றுப் பன்னிரண்டு அத்தியாயம் கழித்துக் கல்யாணம். கல்யாண அத்தியாயம் வந்த அன்று வாசகிகள் ஆப்பிலேயே மொய் எழுதினார்கள். ஒருவர் குத்துவிளக்குப் படம் போட்டு, ‘பெண் வீட்டார் சார்பில்’ என்று எழுதியிருந்தார். நல்லபடியாக முடிந்த கதை. அதை அப்படியே விட்டிருக்கலாம்.

3. நான் செய்தது

எங்கள் மேனேஜர் கிரண், ஹாசன் பக்கத்துக் கன்னடக்காரர். தமிழ் பேசுவார், படிக்கத் தெரியாது. ஆனால் எந்தக் கதை எந்த இடத்தில் ஏறுகிறது, எங்கே இறங்குகிறது என்று கிராஃப் பார்த்தே சொல்வார். இரண்டாம் பாகம் வேண்டும் என்று அவர்தான் ஆரம்பித்தார். நான் மங்கையிடம் சொன்னேன். அவர் யோசித்து, ஒரு பக்கத்துக்குச் சுருக்கம் அனுப்பினார்.

அதில் ருத்ரேஷ் தொழிலை விட்டுவிட்டு, கயலோடு பெங்களூருக்கு வந்து குடித்தனம் வைக்கிறான். வீட்டு ஓனர் அவனை எங்கே வேலை என்று கேட்கிறார். ஆதார் சென்டர் வரிசையில் அவனை ஒருவர் முந்திக்கொண்டு போகிறார், கயல் பக்கத்தில் நிற்பதால் இவனால் ஒன்றும் செய்ய முடியவில்லை. தண்ணீர் டேங்கருக்காக மாடிவீட்டு மாமியோடு தகராறு. படித்துவிட்டு நான் கேபினில் தனியாகச் சிரித்தேன்.

சிரித்துவிட்டு, ‘சம்பவமே இல்லை, வேறு மாதிரி யோசிங்க’ என்று பதில் அனுப்பினேன்.

ஏன் அப்படிச் செய்தேன் என்று பலமுறை யோசித்திருக்கிறேன். கிரணின் கிராஃபில் நாயகனுக்கு நினைவு தப்பி எல்லாம் மறந்துபோகும் கதைகள் எல்லாம் நன்றாக ஏறியிருந்தன. எனக்குச் சிரிப்பு வந்தது என்பதை ஒரு காரணமாக மீட்டிங்கில் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. அவ்வளவுதான்.

ருத்ரேஷுக்குத் தலையில் அடிபடட்டும், கயலை மறக்கட்டும், இஸபெல்லா என்று இன்னொருத்தி வரட்டும் என்று நானே மங்கைக்குப் போனில் சொன்னேன். மறுமுனையில் பஸ் ஹாரன் கேட்டது.

“அக்கா, அவன் அவள மறப்பானா?” என்றார் மங்கை.

“கதைக்குத்தானே மங்கை. மறக்கட்டும்.”

சொன்னபடி எழுதிக் கொடுத்தார். ஒரு எழுத்துப் பிழை இல்லை. மூன்றாம் அத்தியாயத்தைத் திருத்தும்போது நான் இரண்டு முறை கொட்டாவி விட்டேன். அப்போதே நிறுத்தியிருக்க வேண்டும். ஒற்று மட்டும் சரிபார்த்து மேலே அனுப்பினேன்.

4. ருத்ரேஷ் சாரைப் பார்க்க வந்தவர்கள்

முதல் வாரம் கோபமான கமெண்டுகள் வந்தன. இரண்டாம் வாரம் அதுவும் குறைந்தது. கோபப்படுகிறவர்கள் இருக்கும்வரை கதைக்கு உயிர் இருக்கிறது என்று அர்த்தம். பேச்சே இல்லாமல் போவதுதான் பயம். பன்னிரண்டாம் நாள் கிரண் லேப்டாப்பைத் திருப்பி, “நோடி மேடம், ஃபுல் கீழ போயிட்டுது,” என்றார். தொடரை நிறுத்திவிடலாம் என்பது அவர் முடிவு. நிறுத்திய தொடரின் எழுத்தாளருக்கு அடுத்த வாய்ப்பு அவ்வளவு சுலபமாகக் கிடைக்காது. அதை மங்கையிடம் நேரில் சொல்ல வேண்டும் என்று நான் பிடிவாதம் பிடித்தேன். மங்கை பதினான்காம் நாள் அரை நாள் லீவு போட்டுவிட்டு, கழுத்தில் ஃபேக்டரி ஐடி கார்டோடு வந்தார். வரும்போதே எல்லாம் தெரிந்திருந்தது அவருக்கு. “நிறுத்திடுங்க அக்கா. நானும் எழுதறத நிறுத்திக்கறேன்,” என்றார். ஆறுதலாக என்ன சொல்வது என்று நான் தேடிக்கொண்டிருந்தபோது கீழேயிருந்து செக்யூரிட்டி போன் செய்தார்.

“மேடம், மூணு லேடீஸ் வந்திருக்காங்க. ருத்ரேஷ் சாரப் பாக்கணுமாம். அவரு எந்த டிபார்ட்மெண்ட்?”

நான் மேலே அனுப்பச் சொன்னேன்.

முன்னால் வந்தவர் அத்திபெலேயில் தையல் கடை வைத்திருக்கும் பரிமளா. ஐம்பது வயது இருக்கும், கையில் அளவு எழுதும் நோட்டுப் புத்தகம். கூட வந்த இரண்டு பெண்களும் அவர் கடையில் தைப்பவர்கள். கடையை மூடிவிட்டு, இரண்டு பஸ் மாறி வந்திருந்தார்கள். உட்காரச் சொன்னேன். பரிமளா உட்காரவில்லை.

“எங்க கடையில ஆறு மெஷின் ஓடுது மேடம். டெய்லி பத்து மணிக்கு நான் சத்தமா படிப்பேன், இவங்க தச்சுக்கினே கேப்பாங்க. இந்த ரெண்டு வாரமா ஒரு பிளவுஸ் சரியா வரல. கை ரெண்டும் ஒரே பக்கம் வெச்சுத் தச்சிருக்கா இவ.”

கைகாட்டப்பட்ட பெண் தலையைக் குனிந்துகொண்டார். பெயர் சுதா என்று பிறகு தெரிந்தது.

பரிமளா நோட்டைத் திறந்தார். தோள், மார்பு, இடுப்பு அளவுகளுக்குக் கீழே இரண்டாம் பாகத்தின் தவறுகளை அத்தியாய எண் போட்டு எழுதியிருந்தார். முதல் பாகத்தில், கண்ணைக் கட்டிப் போட்டிருந்தபோதுகூட ருத்ரேஷ் செருப்புச் சத்தத்தை வைத்துக் கயலைக் கண்டுபிடித்தான். அவன் இப்போது எதிரில் நிற்பவளைப் பார்த்து ‘நீங்கள் யார்’ என்று கேட்பது எப்படி? இஸபெல்லா ஐந்தாம் அத்தியாயத்தில் டாக்டர், ஒன்பதாம் அத்தியாயத்தில் வக்கீல், எது சரி? அந்த வக்கீல் என் கண்ணில் படவே இல்லை. எனக்குக் காது சூடேறியது.

கடைசியில் பரிமளா நோட்டை மூடிவிட்டு, இதை எழுதியது யார், அதே செந்தூரிதானா, வேறு யாராவதா என்று கேட்டார்.

மங்கை என்னைப் பார்க்கவே இல்லை. எழுந்து நின்றார். “நான்தாங்க எழுதுனேன்.”

பரிமளா அவரை மேலிருந்து கீழ்வரை பார்த்தார். ஐடி கார்டைப் பார்த்தார். செந்தூரி வெளிநாட்டில் கார் ஓட்டும் பெண் என்று அவர்கள் கடையில் முடிவு செய்து வைத்திருந்தார்களாம். “நீயாம்மா?” என்று கேட்டார். அதற்குள் அவர் குரலில் இருந்த கோபம் பாதி போய்விட்டது.

ஒரு வார்த்தையில் மங்கை என்னைக் கைகாட்டியிருக்கலாம். அது நியாயமும்கூட. அவர் செய்யவில்லை. நான்தான் பேசினேன். மறக்கச் சொன்னது நான், இஸபெல்லா நான், மங்கை முதலில் கொடுத்த கதையை வேண்டாம் என்றதும் நான் என்று அங்கேயே இருந்த கிரண் முன்னாலேயே சொன்னேன். இருபது வருட வேலையில் அவ்வளவு நேராக நான் ஒன்றையும் ஒப்புக்கொண்டதில்லை.

“மொதல்ல என்னா எழுதியிருந்த?” என்று மங்கையிடம் கேட்டுவிட்டு, பரிமளா ஒருவழியாக உட்கார்ந்தார்.

மங்கை தயங்கித் தயங்கித்தான் ஆரம்பித்தார். வீட்டு ஓனர் வந்ததும் சுதா வாயைப் பொத்திக்கொண்டார். ஆதார் சென்டர் வந்ததும் பரிமளாவின் தோள் குலுங்கியது. டேங்கர் சண்டையில் கிரண் எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தார். அவர் குடியிருக்கும் லேஅவுட்டிலும் அப்படியே நடந்தது என்றார். பக்கத்து கேபினிலிருந்து தெலுங்கு எடிட்டர் எட்டிப் பார்த்தார்.

5. டீ குடிக்கும்போது நடந்தது

தொடரை நிறுத்த வேண்டாம், மங்கை முதலில் கொடுத்த கதைக்கே திரும்பலாம் என்று கிரண் சொல்லிவிட்டார். ஆனால் பதினான்கு அத்தியாயங்கள் ஏற்கெனவே வெளியாகிவிட்டன. நீக்க முடியாது. ருத்ரேஷுக்கு நினைவு திரும்ப வேண்டும், அதுவும் மறுநாள் காலை பத்து மணிக்குள். மறுபடி தலையில் அடிக்கலாம் என்றேன் நான். யாரும் என்னை மதிக்கவில்லை. எல்லாம் கனவு என்று சொல்லலாமா என்றார் கிரண். கனவு என்றால் ஆப்பையே அழித்துவிடுவேன் என்றார் பரிமளா.

டீ வந்தது. சுதா, தன் பாட்டுக்குப் பக்கத்திலிருந்தவரிடம் பேசுவதுபோல, “எங்க வூட்டுக்காரரும் எதுனா மறந்துட்டா காது கேக்காத மாதிரியே உக்காந்திருப்பாரு,” என்றார்.

மங்கை டீ கிளாஸைக் கீழே வைத்தார். “அக்கா, அவனுக்கு ஒண்ணும் மறக்கல. கல்யாண நாள மட்டும்தான் மறந்துட்டான். கயல் கேப்பான்னு பயந்துக்கினு எல்லாத்தையும் மறந்த மாதிரி நடிக்கறான்.”

பரிமளா நோட்டில் பதினைந்து என்று எழுதி, அதற்கு நேரே ஒரு பெரிய டிக் போட்டார். இஸபெல்லா அவன் மருத்துவச் சான்றிதழுக்காக வாடகைக்குப் பிடித்த ஆள் என்றும், டாக்டரா வக்கீலா என்று அவளுக்கே குழப்பம் என்றும் அங்கேயே முடிவானது. மங்கை கோரமங்களாவிலிருந்து பீன்யா போகும் பஸ்ஸிலேயே எழுதி முடித்துவிட்டார். அன்று நல்ல வேளையாக டிராஃபிக்கும் இருந்தது.

பதினைந்தாம் அத்தியாயத்தில் மிலானையே ஆட்டிப் படைத்த ருத்ரேஷ், கயல் முன்னால் முட்டி போட்டு உண்மையைச் சொன்னான். கயல் துணியை மடித்துக்கொண்டே, “ரெண்டாம் நாளே தெரியும். எவ்வளவு நாளைக்குத் தாங்குதுன்னு பாத்தேன்,” என்றாள். நான் அதில் ஒரு காற்புள்ளியைக்கூடத் தொடவில்லை.

காலை பத்து மணி ஐந்து நிமிடத்துக்குக் கமெண்டுகள் வர ஆரம்பித்தன. தன் கணவருக்கும் இதே வியாதி என்று எழுதியவர்களை எண்ணவே முடியவில்லை. பரிமளா போன் செய்தார். பேச்சு சரியாகக் கேட்கவில்லை. பின்னால் ஆறு பேர் சிரிக்கும் சத்தம்தான் கேட்டது. ஒரு மெஷின்கூட ஓடவில்லை.

6. கடைசி அத்தியாயம்

உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். இரண்டாம் பாகம் முதல் பாகம் அளவுக்குப் போகவில்லை. அந்த இரண்டு வாரத்தில் விட்டுப் போனவர்களில் பலர் திரும்பி வரவே இல்லை. அவர்களுக்கு ருத்ரேஷ் இன்னும் கயலை மறந்தவன்தான். அதை நினைத்தால் இன்றும் எனக்கு உறுத்தும். ஆனால் இருந்தவர்கள் கடைசிவரை இருந்தார்கள். ஆதார் சென்டர் அத்தியாயத்தைப் பற்றிக் கேள்விப்பட்ட கிரணின் மனைவி, தமிழ் தெரிந்த பக்கத்து வீட்டுக்காரரிடம் கேட்டுக் கேட்டு மொத்தத் தொடரையும் முடித்தார்.

இந்த வேலைக்கு வருகிற பிள்ளைகளுக்கு நான் சொல்வது ஒன்றுதான். படிக்கும்போது உங்களுக்குச் சிரிப்பு வந்தால் அதை மீட்டிங்கில் சொல்லுங்கள். கொட்டாவி வந்தால் அதையும் சொல்லுங்கள். சம்பளம் அதற்குத்தான். கிராஃப், பழைய கதைகள் எப்படிப் போயின என்று மட்டும் காட்டும். கையில் இருக்கும் கதையை முதலில் படிப்பவர் நீங்கள்தான்.

கடைசி அத்தியாயம் வெளியாகும் அன்று ஒன்பதே முக்காலுக்குக் கிரண் என் மேஜைக்கு வந்தார். இப்போது கிராஃப் நன்றாக இருக்கிறது, மூன்றாம் பாகத்துக்கு வழி வைத்து, எதற்கும் கீழே ‘தொடரும்’ என்று போட்டு வைப்போம் என்றார். நான் மங்கையைக் கூப்பிட்டுக் கேட்டேன். அவர் ஃபேக்டரியில் இருந்தார், பின்னால் மெஷின் இரைச்சல்.

“வேணாம் அக்கா. அவங்க ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க. விட்டுடுவோம்,” என்றார்.

கிரணைப் பார்த்து இல்லை என்று தலையசைத்துவிட்டு, ‘முற்றும்’ என்று டைப் செய்தேன். கிரண் மறுபடி ஏதாவது சொல்வதற்குள், மணி பத்தாவதற்கு முன்பே பட்டனை அழுத்திவிட்டேன்.