பெட்டிக்குச் சந்தனம் வைத்த மறுநாள்

எங்கள் வீட்டுத் தையல் மெஷினுக்கு அடியில் ஒரு பெரிய இரும்புப் பெட்டி இராப்பகலாக முனகிக்கொண்டே இருக்கும். புதிதாக வருகிறவர்கள், "இன்னாமே, ஃபிரிட்ஜ கீழ வெச்சிக்கினு கீற?" என்பார்கள். அது பழைய கம்ப்யூட்டர்தான். உள்ளே நான்கு ஹார்டு டிஸ்க். திரை கிடையாது, கீபோர்டு கிடையாது. மேஜைமேல் நான் வேலை செய்கிற கம்ப்யூட்டரிலிருந்து ஒரு ஒயர் அதற்குப் போகும். செய்து முடித்த வேலை எல்லாம் அதில் போய்ச் சேரும்.

தண்டையார்பேட்டையில் அப்போது எனக்குப் பிழைப்பு அதுதான். கல்யாணப் பத்திரிகை, காதுகுத்து பேனர், கண்ணீர் அஞ்சலி போஸ்டர் என்று தெருவுக்கு வேண்டியதை வீட்டிலேயே வடிவமைத்துக் கொடுப்பேன். யாரிடமும் போய்க் கற்றுக்கொண்டதில்லை. கெட்டுப் போனதை அவிழ்த்துப் பார்த்து, இன்னும் கொஞ்சம் கெடுத்து, அப்புறம் சரி பண்ணிக் கற்றுக்கொண்டது. போஸ்டருக்குப் படம் கொடுக்க வந்த ஜனங்கள், "பத்திரமா வெச்சிக்கோக்கா" என்று வீட்டுப் பத்திரத்தையும் மார்க் ஷீட்டையும்கூட ஸ்கேன் பண்ணச் சொல்லிவிட்டுப் போவார்கள். மழை வந்தால் அவர்கள் வீட்டில் கட்டில் மட்டம் தண்ணீர் நிற்கும். என் பெட்டி மாடியில் இருந்தது. கேட்டால் அவ்வளவுதான் காரணம்.

இரண்டாயிரம் பிறந்து நாலைந்து வருஷம் ஆகியிருக்கும். ஆயுத பூஜைக்கு முந்தின வாரம் நல்ல மழை. காசிமேட்டில் மீன் விற்கிற அம்மாவின் மகள் ஒருத்தி, கேரம் ஆடுகிறவள், அப்போது இருபத்திரண்டு வயது, பூஜையன்று காலையில் நனைந்த பிளாஸ்டிக் பை ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தாள். உள்ளே அவள் ஜெயித்து வாங்கிய பத்து சர்டிபிகேட்டுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, மை கரைந்து, நீலப் பாயாசமாக இருந்தன. கட்டிலுக்கடியில் டிரங்குப் பெட்டியில் வைத்திருந்தாளாம்.

விளையாட்டு வீரர்களுக்கான ஒதுக்கீட்டில் ஒரு வேலைக்கு விண்ணப்பம் போட அவளுக்கு அந்த வாரமே கடைசி. கேரம் சங்கத்துச் செயலாளரிடம் போய் அழுதிருக்கிறாள். அவர் நல்ல மனுஷன். "நம்பரும் தேதியும் தெரியிற மாதிரி ஒரு காப்பி கொண்டா. என் நோட்டுல பாத்து புதுசு எழுதித் தரேன். நாளைக்கு சாயங்காலம் ஆறு மணி வரைக்கும் கிளப்புல இருப்பேன், அப்பால டீமை இட்டுக்கினு வெளியூர்" என்றிருக்கிறார்.

காப்பி என்னிடம் இருந்தது. அவள் காலேஜில் சேர்ந்தபோது பத்தையும் ஸ்கேன் பண்ணிப் பெட்டியில் போட்டிருந்தேன். எழுந்து பட்டனை அழுத்திப் பிரிண்ட் எடுத்துக் கொடுத்திருக்க வேண்டியதுதானே? ஆனால் அன்று ஆயுத பூஜை. என் வீட்டுக்காரர் விடிகாலையிலேயே எல்லாவற்றையும் அணைத்துத் துடைத்துப் பொட்டு வைத்துவிட்டார். பூஜை போட்ட ஆயுதத்தை அன்றைக்குத் தொடக்கூடாது. கத்திரிக்கோலைக்கூட எடுக்க மாட்டோம்.

"நாளைக்குக் காலைல வா கண்ணு. முதல் வேலையே உன்னுதுதான்" என்றேன். சரிக்கா என்று போய்விட்டாள்.

விஜயதசமி காலை. குளித்து, கற்பூரம் காட்டி, பெட்டியின் பட்டனை அழுத்தினேன். விளக்கு எரிந்தது, ஃபேன் சுற்றியது. ஆனால் மேஜைக் கம்ப்யூட்டரில் பார்த்தால் பெட்டியைக் காணவில்லை. கொஞ்ச நேரம் பொறுத்தேன். அணைத்து மறுபடி போட்டேன். அதே கதை. மேஜைமேலிருந்த மானிட்டரைக் கழற்றிப் பெட்டியில் மாட்டினேன். இரண்டு வரி எழுத்து வந்தது. அப்புறம் டிஸ்க்குகளைத் தேடுகிறேன் என்று ஒரு வரி. அதோடு உறைந்து நின்றுவிட்டது.

எனக்குத் தெரிந்த வித்தையெல்லாம் செய்தேன். கரண்ட் ஒயரை மாற்றினேன். மெமரி அட்டையைக் கழற்றி அதன் பல்லை ரப்பரால் தேய்த்து மாட்டினேன். கடற்கரைக் காற்றில் அது அடிக்கடி களிம்பு பிடிக்கும், பாதி நோய்க்கு அதுதான் மருந்து. இந்த நோய்க்கு இல்லை. நான்கு டிஸ்க்கும் ஒரே நேரத்தில் செத்துவிட்டதா? எல்லாவற்றையும் சி.டி.யில் ஒரு பிரதி போட்டு வைக்க வேண்டும் என்று ஆறு மாதமாக வாயால் மட்டும் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அவள் வந்து பத்து நிமிஷம் ஆகியிருந்தது. நான் சொல்லாமலே தெரிந்துகொண்டாள். நேற்று நான் ஒரு பட்டனை அழுத்தியிருந்தால் இந்த வேலை முடிந்திருக்கும். அவள் அதைச் சொல்லிக் காட்டியிருக்கலாம். சொல்லவில்லை. "நீ பாருக்கா, நான் குந்திக்கினு கீறேன்" என்று சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, பூஜைத் தட்டிலிருந்த பொட்டுக்கடலையை ஒவ்வொன்றாகத் தரையில் வைத்து, விரலால் சுண்டி மேஜைக் கால்களுக்கு நடுவே அனுப்பிக்கொண்டிருந்தாள். ஒன்றுகூடத் தப்பவில்லை.

பதினோரு மணிக்கு எதிர்வீட்டு அண்ணன் வந்தார். காசிமேட்டில் விசைப்படகு இஞ்சின் மெக்கானிக். படகு பூஜையின் பொரியும் கடலையும் ஒரு பொட்டலம் கட்டிக்கொண்டு வந்திருந்தார். கதை முழுக்கக் கேட்டுவிட்டு, பெட்டியின் பக்கவாட்டில் காதை வைத்தார்.

"தங்கச்சி, சத்தம் போடற மெசினு சாவல. அத்த முதல்ல மனசுல போடு."

"அண்ணாத்த, இது இஞ்சின் இல்ல."

"எதுவா இருந்தா இன்னா? முந்தாநாள் ஓடிச்சா?"

"ஓடிச்சு."

"இன்னைக்கு ஓடல. ஓடினதுக்கும் நின்னதுக்கும் நடுவுல எவன் கை வெச்சான்? அத்தச் சொல்லு. கடலுக்கு நடுவுல நான் கேக்கற முதல் கேள்வியே அதான். பாதி நாள் பதில்லயே இஞ்சின் ஸ்டார்ட் ஆயிடும்."

ஜனங்கள் வாயில் வருகிற இந்த மாதிரிப் பேச்சை நான் கல்யாணப் பத்திரிகைச் சாம்பிள் தாளின் பின்பக்கத்தில் எழுதி வைப்பேன். அன்றைக்கு எழுதக் கை வரவில்லை. திரும்பி, லீவில் வீட்டிலிருந்த என் வீட்டுக்காரரைப் பார்த்தேன். துறைமுகத்தில் லாரி எடை போடுகிற இடத்தில் வேலை அவருக்கு. கிலோ சுத்தமான மனுஷன், பொய் சொன்னால் முகத்தில் முள் ஆடும். பேப்பரைத் தலைகீழாகப் பிடித்திருந்தார்.

"மாமு," என்றார் அண்ணன், "இங்க பாரு."

"நான் இன்னா பண்ணேன்? தொடச்சேன். பொட்டு வெச்சேன்."

"எங்க வெச்ச?"

"அதுக்குத்தான்."

"பெட்டிக்கு மேலயா?"

நான் பெட்டியின் மூடியைத் திறந்தேன். காலையிலிருந்து மெமரி இருக்கிற மூலையை மட்டும்தான் பார்த்திருந்தேன். இப்போது டிஸ்க் இருக்கிற அடுக்கில் டார்ச் அடித்தேன். நான்கு டிஸ்க்கின் நெற்றியிலும் பட்டையாகச் சந்தனம், நடுவில் குங்குமம். அம்மன் கோயில் கன்னிமார் மாதிரி வரிசையாக உட்கார்ந்திருந்தன.

"கழட்டினியா?"

"பின்ன எப்டி வெக்கறது? வெளியவே வெச்சிட்டுப் போனா வேலை செய்யறது எதுவோ அதுக்குப் பூஜை இல்ல. நீதானே சொன்னே, எல்லாம் உள்ள கீற அந்த நாலுலதான் கீதுன்னு."

நான் சொன்னதுதான். கோபத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. "ஈரத்துணியாலயா தொடச்சே?" என்று கேட்டேன்.

"நல்லாப் பிழிஞ்ச துணி."

கேரம்காரி முதல்முறையாகச் சிரித்துவிட்டாள். அவர் அதில் தைரியம் வந்து மீதியையும் ஒப்புக்கொண்டார். டிஸ்க்கின் பின்பக்கத்தைத் துடைக்கும்போது அரிசியளவு கறுப்புக் கிளிப்புகள் கழன்று விழுந்தனவாம். எது எங்கே இருந்தது என்று தெரியாமல், நான்கிலும் ஒரே இடத்தில், வரிசையாக, பார்க்க அழகாக மாட்டினாராம்.

எனக்கு மூச்சு வந்தது. நோய் தெரிந்துவிட்டது.

அந்தக் காலத்து டிஸ்க்கில் ஒரு பட்டை ஒயருக்கு இரண்டு பேர். ஒருவன் மூத்தவன், ஒருவன் இளையவன். யார் யார் என்று சொல்வது அந்தக் கிளிப் உட்காருகிற இடம். என் வீட்டுக்காரர் நான்கு பேரையும் மூத்தவனாக்கிவிட்டார். பெட்டி கூப்பிடும்போதெல்லாம் இரண்டு பேரும் சேர்ந்து வாயைத் திறக்க, அது திகைத்து நின்றுவிட்டது.

"ஒரே உறையில ரெண்டு கத்தி" என்றார் அண்ணன்.

"ரெண்டு பேரும் ஸ்ட்ரைக்கர் புடிச்சா ஆட்டம் எப்டி மாமா நடக்கும்?" என்றாள் அவள்.

ஆனால் ஈரத்துணி பயம் போகவில்லை. கிளிப்பை மாற்றிவிட்டாலும் டிஸ்க் உயிரோடு இருக்க வேண்டுமே. நான்கையும் ஒன்றாக மாட்டப் போன என் கையை அண்ணன் தடுத்தார். "அவசரப்படாத. இஞ்சின்ல ஒரு சிலிண்டர் படுத்துச்சுன்னா இன்னா பண்ணுவோம்? ஒவ்வொண்ணா டீசல நிறுத்தி, எது வேலை செய்யுது, எது சும்மா சுத்துதுன்னு காதால பாப்போம். நீயும் ஒவ்வொண்ணா மாட்டு."

அப்படியே செய்தோம். முதல் டிஸ்க்கை மட்டும் மாட்டினேன். உறைந்து நின்ற வரியைத் தாண்டியது. டிஸ்க் இருக்கிறது, ஆனால் என்னை ஆரம்பிக்கிற சரக்கு இதில் இல்லை என்றது. சரி, உயிர் இருக்கிறது. இரண்டாவதை மாட்டினேன். எழுத்து ஓட ஆரம்பித்தது, ஓடி ஓடி முழுசாக எழுந்துவிட்டது. பெட்டியை எழுப்புகிறவன் அவன்தான். மூன்றாவதும் சுற்றியது. நான்காவதை மாட்டினேன். அண்ணன் குனிந்து காதை வைத்தார். "சுத்துது" என்றார். என் வீட்டுக்காரர் பேப்பரை மடித்து வைத்தார்.

இனி ஒரு ஒயருக்கு ஒரு மூத்தவன், ஒரு இளையவன் என்று உட்கார வைக்க வேண்டும். நான்கும் ஒரே கம்பெனிதான், ஆனால் கிளிப் எந்த இடத்தில் என்பது எனக்கு மனப்பாடமில்லை. அதற்கான சின்னப் படம் டிஸ்க்கின் நெற்றிச் சீட்டில்தான் அச்சிட்டிருக்கும். சந்தனம் காய்ந்து பலகையாகி அதன்மேலேயே இருந்தது. பஞ்சை நனைத்துப் பிழிந்து, நான் துடைக்கத் துடைக்க, அவள் ஒவ்வொரு எழுத்தாகப் படித்தாள். எனக்கு மங்கலாகத் தெரிந்த புள்ளியெல்லாம் அவள் கண்ணுக்குத் துலக்கமாகத் தெரிந்தது. "எக்கா, வலது கோடி ரெண்டு முள்ளு, இது மூத்தவன். நடுவுல இருந்தா இளையவன்." கிளிப்பை எடுத்து வைத்ததும் அவள்தான்.

மணி இரண்டரை. நான்கையும் மாட்டி, பட்டனை அழுத்தினேன். அந்த வரி வந்தது. நின்றது. பிறகு ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று பேர் வாசித்துக்கொண்டு போனது. பெட்டி பழையபடி முனக ஆரம்பித்தது. அந்த முனகலுக்கு நான் கும்பிட்டேன், வெட்கமில்லாமல் சொல்கிறேன்.

பிரிண்டர் ஒவ்வொரு தாளாகத் துப்பியது. அண்ணன் எடுத்து எடுத்துப் படித்தார்.

"இன்னா கண்ணு, இது ரெண்டாவது, இதுவும் ரெண்டாவது, மூணாவது... முதலாவதே வரமாட்டேங்குது?"

"இரு மாமா, மெதுவாத்தான் வரும். நான் அப்டித்தான் ஜெயிச்சேன்."

எட்டாவது தாள் முதல் பரிசு. ஒன்பதும் பத்தும்கூட. அண்ணன் அந்த மூன்றையும் தனியாகப் பிடித்துக்கொண்டு அவளிடம் கொடுக்கவே மனசில்லாமல் நின்றார்.

வெளியே தூறல். என் வீட்டுக்காரர் யாரும் சொல்லாமலே தாள்களை ஒன்றுக்குள் ஒன்றாக மூன்று பிளாஸ்டிக் கவரில் போட்டு, சட்டைக்குள் வயிற்றோடு கட்டிக்கொண்டு, வண்டியை எடுத்தார். "ஏறு. நான் பண்ண வேலை, நானே கொண்டுபோய்ச் சேக்கறேன்." கிளப் இருக்கிற திருவொற்றியூர் வரைக்கும் லாரிகளுக்கு நடுவே போக வேண்டும். அண்ணன் வீட்டுக்குப் போகவில்லை. கொண்டு வந்த பொட்டலத்தைப் பிரித்து, தான் கொடுத்த பொரியைத் தானே தின்றுகொண்டு என்னோடு காத்திருந்தார்.

ஐந்தே முக்காலுக்கு போன் அடித்தது. கிளப் பக்கத்து ஒரு ரூபாய் போன்.

"எக்கா, கையெழுத்துப் போட்டுட்டாரு. ஒம்போதுதான். ஒண்ணுக்கு அவரு நோட்டுலயே பக்கம் இல்லயாம், அந்தப் பக்கத்தக் கரையான் தின்னுடுச்சாம். பரவால்லக்கா, ஒம்போது போதும்."

"முதல் பரிசு மூணும் கீதா?" என்று அண்ணன் எட்டிக் கத்தினார்.

"மூணும் கீது மாமா!"

அவர் எழுந்து வேட்டியை உதறிக்கொண்டு, ஒன்றுமே செய்யாதவர் மாதிரி எதிர்வீட்டுக்குப் போனார். நன்றி என்று சொன்னால் முறைப்பார், அதனால் சொல்லவில்லை. இங்கே எழுதிவிட்டேன். தெரியாமல் செய்ததை மறைக்காமல் சொன்ன என் வீட்டுக்காரருக்கும், என்னைக் குத்திக் காட்ட எல்லா நியாயமும் இருந்தும் பொட்டுக்கடலையைச் சுண்டிக்கொண்டிருந்த அந்தப் பெண்ணுக்கும் சேர்த்துத்தான். அன்றைக்கு அவர்களில் யார் ஒருவர் வேறு மாதிரி இருந்திருந்தாலும், நான் அழுதுகொண்டே நல்ல டிஸ்க்குகளைத் தூக்கிக் குப்பையில் போட்டிருப்பேன்.

வேலை உத்தரவு வர ஏழெட்டு மாதம் ஆனது. கவரைப் பிரித்த கையோடு வந்தாள், அம்மாவிடம்கூட இன்னும் காட்டவில்லை என்றாள். நான் கட்டிப்பிடிக்கப் போனேன். அவள் காகிதத்தை உயரத் தூக்கிப் பிடித்துக்கொண்டாள், கசங்கிவிடுமாம்.

"அதெல்லாம் அப்பால எக்கா. முதல்ல இத்தப் பெட்டில போடு. சி.டி.லயும் ஒண்ணு போட்டு என் கைல குடு."

போட்டுக் கொடுத்தேன். அப்புறம்தான் கட்டிப்பிடிக்க விட்டாள்.