சுறாவுக்குக் கல் எடுத்த ஹெலன்

ஆம்பூர் ஷூ கம்பெனியில் மேல்பாகம் தைக்கும் பிரிவுக்கு ஹெலன்தான் சூப்பர்வைசர். அவள் முறைத்தால் மெஷினே ஒழுங்காக ஓடும் என்பார்கள். அப்படிப்பட்டவளால் கட்டின புருஷனை மட்டும் ஊரில் நிறுத்த முடியவில்லை. கணியம்பாடிக் கிணறுகளில் நீந்திப் பழகிய பிரேம்நாத், அந்தமானில் சுற்றுலா வருபவர்களைக் கடலுக்கடியில் கூட்டிப்போய்ச் சுறா காட்டுகிறான். பிழைக்க வேறு வழியா இல்லை என்று அவள் அழுதுகூடப் பார்த்துவிட்டாள்.

கடைசியில் அவன் ஒரு சமரசத்துக்கு வந்தான். ஒரு தடவை அவள் தன்னோடு இறங்கிப் பார்க்க வேண்டும். அப்புறமும் வேண்டாம் என்றால் கடலை விட்டு ஆம்பூருக்கே வந்துவிடுவான். ஹெலன் லீவு போட்டுக் கிளம்பினாள். பதில் அவளிடம் தயாராகவே இருந்தது.

கரையோரத்தில் சிலிண்டரை மாட்டித் தண்ணீருக்குள் மூச்சுவிடப் பழக்கும்போதே அவன் சொல்லிக்கொடுத்தான். பவளப்பாறைச் சுறா கூச்சம் பிடித்தது. அதைத் துரத்தாதே, கையை வீசாதே. பாறைக்கடியில் படுத்திருந்தால் வெளியே வரும் வழியை மறிக்காதே. முதுகை வளைத்துப் பக்கத் துடுப்புகளைத் தாழ்த்தினால் கோபம். அதைப் பார்த்தபடியே மெல்லப் பின்வாங்கு. எல்லாவற்றுக்கும் அவள் தலையாட்டினாள்.

ஆனால் தோல் பதனிடும் டேனரியில் வழித்துப்போட்ட கொழுப்பைத் தின்று வளர்ந்த நாய்களுக்கு நடுவே ஷிப்டுக்கு நடந்தவளாயிற்றே. அங்கே நாய் உறுமினால் யாரும் ஓடுவதில்லை. குனிந்து கல் எடுப்பதுபோல் காட்டினால் போதும். கடலுக்கடியில் இறங்கி, நுனி கறுத்த துடுப்போடு ஒரு சுறா எதிரே வந்ததும் உடம்பு புத்தி சொன்னதைக் கேட்கவில்லை. சட்டென்று குனிந்து பாறைக்கடியில் கையை விட்டாள்.

உள்ளே வெள்ளை நுனித் துடுப்போடு இன்னொன்று படுத்திருந்தது. அதற்கு வெளியேறும் வழியில் ஹெலன் நின்றாள். அது அங்குமிங்கும் முட்டியது. பிரேம்நாத் அவள் இடுப்பைப் பிடித்து, தூங்கும் குழந்தையைத் தொட்டிலிலிருந்து எடுப்பதுபோல் மெதுவாக ஒரு பக்கம் நகர்த்தினான். வழி கிடைத்ததும் சுறா மணலைக் கிளப்பிக்கொண்டு தப்பித்தோம் பிழைத்தோம் என்று ஓடியே போனது. எதிரே வந்ததையும் காணோம்.

வண்டிச் சாவியை எங்கே வைத்தோம் என்று வீடு முழுக்கத் தேடுகிற மனுஷன் அவன். இங்கே அவன் கையில் துளிப் பதற்றம் இல்லை. மூன்று வருஷம் குடித்தனம் செய்தவனை இப்போதுதான் முதன்முதலாகப் பார்ப்பதுபோல் இருந்தது ஹெலனுக்கு. அவன்மேல் அத்தனை ஆசை வந்தது.

படகில் ஏறிய பிறகுதான் அவனுக்குப் பதற்றம் வந்தது. முதுகிலிருந்த சிலிண்டரின் பட்டையை அவிழ்க்க முடியாமல் தடுமாறினான்.

"பயந்துட்ட இல்ல? வேணாம்னா சொல்லிடு. இந்த மாசத்தோட நின்னுட்றேன்."

ஹெலன் பட்டையை அவிழ்த்துவிட்டாள்.

"நீ இன்னாத்துக்கு நிக்கற? கம்பெனில சொல்லிட்டு நான் இங்க வர்றேன்."