மச்சான் கம்ப்யூட்டர் முதலில் திறந்தது

இரண்டாயிரத்துக்குப் பிந்தைய முதல் சில ஆண்டுகள் நான் பெங்களூர் ஆஸ்டின் டவுனில் ஒரு மாடி அறையில் குடியிருந்தேன். கீழ்வீட்டில் வீட்டுக்காரரும் அவர் மனைவியும் இருந்தார்கள். அவர் மாநில அரசின் பொதுப்பணித் துறையில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். தாத்தா காலத்திலேயே பெங்களூருக்கு வந்துவிட்ட குடும்பம் என்பதால் என்னிடம் தமிழ், பால்காரரிடம் கன்னடம், கறிக்கடையில் உருது என்று மூச்சு விடாமல் மாறி மாறிப் பேசுவார். நான் திருவண்ணாமலைப் பக்கத்திலிருந்து வேலை தேடி வந்தவன். எலெக்ட்ரானிக் சிட்டியில் ஒரு சின்ன நிறுவனத்தில் மென்பொருளைச் சோதித்துப் பார்க்கும் வேலை எனக்கு. வீட்டுக்காரர் அதை 'கம்ப்யூட்டர் ரிப்பேர்' என்று புரிந்துகொண்டு, அப்படியே தெருவுக்கும் அறிமுகம் செய்து வைத்திருந்தார்.

அவர் வீட்டில் ஒரு கம்ப்யூட்டர் இருந்தது. அமெரிக்காவில் இருக்கும் ஒரே மகளோடு பேசுவதற்காக வாங்கியது. ஞாயிற்றுக்கிழமை காலைகளில் தொலைபேசிக் கம்பியைப் பிடுங்கிக் கம்ப்யூட்டரில் சொருகி, அது கரகரவென்று கத்தி இணையத்தோடு சேர்ந்த பிறகு, அம்மா தலையில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு மகளிடம் பேசுவார். வீட்டுக்காரர் மனைவியை நான் அம்மா என்றுதான் கூப்பிடுவேன். மகளின் குரல் துண்டு துண்டாகத்தான் வரும். "சாப்... யா... ம்மா" என்பதிலிருந்து முழு வாக்கியத்தைப் பிடித்துவிடும் பயிற்சி அம்மாவுக்கு இருந்தது.

கம்ப்யூட்டரில் அப்போது புதிதாக வந்திருந்த விண்டோஸ் எக்ஸ்பி இருந்தது. பச்சைப் புல்வெளியும் நீல வானமும் படமாக வரும். அதை வீட்டுக்காரர் விருந்தாளிகளுக்குக் காட்டுவார். ஆனால் அந்தப் புல்வெளி வருவதற்குள் விருந்தாளி காபி குடித்து முடித்துவிடுவார். காரணம் எனக்குத் தெரியும். கம்ப்யூட்டர் பத்திரிகைகளோடு மாதாமாதம் இலவசமாக ஒரு சிடி வரும். வந்த சிடி எதையும் வீட்டுக்காரர் வீணாக்கியதில்லை. அதில் இருப்பதையெல்லாம் ஏற்றிவிடுவார். நட்சத்திரங்களின் இருப்பிடம் காட்டும் மென்பொருள், பிரெஞ்சு கற்றுத்தரும் மென்பொருள், அம்புக்குறிக்குப் பின்னால் பூனை ஓடும் மென்பொருள் என்று எல்லாம் கம்ப்யூட்டர் திறந்த உடனே தானும் எழுந்து, கடிகாரத்துக்குப் பக்கத்தில் சின்னச் சின்னப் படங்களாக வரிசையில் நிற்கும்.

அம்மாவின் தம்பி ஒக்கலிபுரத்தில் இருந்தார். ரயில்வேயில் கணக்குப் பிரிவில் வேலை. அவரிடம் பழைய கம்ப்யூட்டர், அதில் பழைய விண்டோஸ் 98. ஒருநாள் அக்கா வீட்டுக்கு வந்தவர், அக்கா மகளின் புது போட்டோவைப் பார்ப்பதற்காகக் கம்ப்யூட்டர் முன்னால் வெகுநேரம் காத்திருந்துவிட்டு, வாய் சும்மா இராமல் சொன்னார்:

"நம்ம வீட்ல பட்டன அமுக்கிட்டு சேர் இழுத்துப் போட்டு உக்காந்தா போதும் மாமா. ரெடியா இருக்கும்."

"உங்களது பழசு மச்சான்," என்றார் வீட்டுக்காரர். "அதுல என்னா இருக்குது, தொறக்கறதுக்கு?"

"என்னா இருக்குதோ, சட்டுனு தொறக்குது."

இப்படி ஆரம்பித்த பேச்சு அந்த மாதம் முழுக்கத் தொலைபேசியில் தொடர்ந்தது. கடைசியில் இரண்டையும் ஒரே மேசையில் வைத்து ஒரே நேரத்தில் திறந்து பார்த்துவிடுவது என்று முடிவாயிற்று. அடுத்த ஞாயிறு மத்தியானம் மச்சான் ஓர் ஆட்டோவில் வந்து இறங்கினார். மடியில் மானிட்டர், பக்கத்தில் கட்டில் விரிப்பில் சுற்றிய பெட்டி. ஆட்டோக்காரர் அதை இறக்கும்போது, "மெதுவா சாமி, கொழந்த மாதிரி" என்று மச்சான் கூடவே நடந்து வந்தார். நான் நடுவர்.

இரண்டு பொத்தான்களையும் என் இரண்டு கைகளால் ஒரே சமயத்தில் அமுக்கினேன். வீட்டுக்காரர் கைக்கடிகாரத்தைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். முதலில் புல்வெளிதான் வந்தது.

"ஆயித்து," என்றார் வீட்டுக்காரர், கன்னடத்தில். முடிந்தது என்று பொருள்.

"எங்க ஆயித்து? மணல் கடிகாரம் இன்னும் சுத்துது பாருங்க. ஏதாச்சும் ஒண்ண தொறந்து காட்டுங்க."

வீட்டுக்காரர் அமுக்கினார். ஒன்றும் திறக்கவில்லை. மறுபடி அமுக்கினார். நட்சத்திர மென்பொருள் எழுந்தது, பிரெஞ்சு மென்பொருள் வணக்கம் சொன்னது, பூனை வந்து அம்புக்குறியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தது. இதற்குள் மச்சானுடைய பழைய இயந்திரம் சத்தமில்லாமல் திறந்து, அவர் அதில் சீட்டாட்டத்தையே தொடங்கியிருந்தார்.

"படம் வர்றது கணக்கா, வேலை செய்யறது கணக்கா தம்பி?" என்று மச்சான் என்னைக் கேட்டார்.

வாடகைக்கு இருப்பவனிடம் கேட்கக் கூடாத கேள்வி. ஆனாலும், வேலை செய்வதுதான் கணக்கு என்றேன். அம்மா உள்ளேயிருந்து, "அவன் வீட்ல சமையலும் சீக்கிரம் ஆயிடும்" என்று தம்பிக்கு ஆதரவாக ஒரு வார்த்தை சொன்னார். வீட்டுக்காரர் கைக்கடிகாரத்தை மெதுவாகக் கையில் கட்டிக்கொண்டார்.

மச்சான் போனதும் வீட்டுக்காரர் என்னை உட்கார வைத்தார். "என்னா பண்ணுவியோ தம்பி, அடுத்த ஞாயித்துக்கிழமை இது முன்னாடி தொறக்கணும்."

முதலில் பத்திரிகை சிடிகளில் வந்ததையெல்லாம் நீக்கினோம். பூனைக்கு மட்டும் அவர் கொஞ்சம் தயங்கினார். பிறகு நான் அவருக்கு 'சர்வீசஸ்' என்ற திரையைத் திறந்து காட்டினேன். நம் கண்ணில் படாமல் உள்ளே ஓடிக்கொண்டிருக்கும் சின்னச் சின்ன வேலைகளின் பட்டியல் அது. எதிரில் 'ஸ்டார்ட்டட்' என்று போட்டிருந்தால் அது வேலையில் இருக்கிறது என்று அர்த்தம். வேண்டாததை நிறுத்தி வைக்கலாம். அதைக் காட்டியிருக்கவே வேண்டாம்.

அவர் நாற்காலியை முன்னால் இழுத்தார். மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

"இவ்ளோ பேரா?"

"ஆமா சார்."

"எல்லாரும் வேலை செய்றாங்களா?"

"பாதிப் பேர் நமக்கு வேண்டியதில்ல சார்."

"எங்க ஆபீஸ்லயும் அப்படித்தான்," என்றார். குரல் மாறிவிட்டது. "முப்பது வருசம் தம்பி. ஒருத்தன் மேல கை வைக்க முடியல. வைச்சா யூனியன் வரும், மந்திரி ஆள் வரும். இவன் யாரு, அலர்ட்டர்?"

"ஏதாவது நடந்தா தகவல் சொல்லும் சார். பெரிய ஆபீஸ்ல இருக்கற கம்ப்யூட்டருக்கு."

"இங்க வந்ததுலேந்து ஒரு தகவல் சொன்னானா?"

"இல்ல சார்."

"சும்னே, சும்மாவே உக்காந்திருக்கான். இந்த டிஸேபிள்னு இருக்கே, அது டிஸ்மிஸா, சஸ்பெண்டா?"

"சஸ்பெண்ட் சார். எப்ப வேணா திருப்பிச் சேத்துக்கலாம்."

"பரவால்ல," என்று அலர்ட்டரை நிறுத்தினார். அவர் முகத்தில் அப்படி ஒரு நிம்மதியை நான் அதுவரை பார்த்ததில்லை. அன்று ஐந்தாறு பேரை அனுப்பி வைத்தோம். எல்லாம் யோசித்து, நான் தெரிந்து சொன்னவை. கம்ப்யூட்டர் நன்றாகவே வேகம் எடுத்தது. "இதுக்கு மேல வேணாம் சார், ஒண்ண நம்பி ஒண்ணு இருக்கும்" என்று சொல்லிவிட்டு மேலே போனேன்.

மறுநாளிலிருந்து எனக்கு ஆபீசில் வேலை நெருக்கடி. காலையில் கம்பெனி பஸ் பிடிக்க இறங்கும்போதெல்லாம் ஜன்னல் வழியாக அவர் திரைக்கு முன்னால் உட்கார்ந்திருப்பது தெரியும். "எப்படி சார் இருக்கு?" என்றால், "இன்னிக்கு இன்னும் சீக்கிரம்" என்பார். வியாழக்கிழமை பார்த்தபோது புல்வெளியின் கீழே இருந்த நீலப் பட்டை சாம்பல் நிறமாகியிருந்தது. அழகுக்கு ஒரு சர்வீஸ் இருந்ததாம், அதையும் அனுப்பிவிட்டாராம். நான் ஏதோ சொல்ல வாயெடுப்பதற்குள் பஸ் வந்துவிட்டது.

ஞாயிறு காலை மச்சான் மறுபடி ஆட்டோவில் வந்தார். அதே கட்டில் விரிப்பு. மகளோடு பேசும் நேரத்துக்கு முன்னாலேயே போட்டியை முடித்துக்கொண்டு, பிறகு எல்லோரும் சேர்ந்து பேசலாம் என்பது வீட்டுக்காரரின் ஏற்பாடு. ஜெயித்த கையோடு மகளிடம் சொல்லிவிடலாம் என்று நினைத்திருப்பார்.

பொத்தான்களை அமுக்கினேன். வீட்டுக்காரருடைய கம்ப்யூட்டர் திறந்தது. திறந்த உடனே மணல் கடிகாரம் காணாமல் போனது. அவர் ஒன்றை அமுக்க, அது வந்தது. இன்னொன்றை அமுக்க, அதுவும் வந்தது. மச்சானுடையது அப்போதுதான் மேகங்களுக்கு நடுவே தன் சின்னத்தைக் காட்டிக்கொண்டிருந்தது.

"சரி மாமா. நீங்கதான்," என்றார் மச்சான்.

வீட்டுக்காரர் எனக்குக் கை கொடுத்தார். அம்மா கேசரி கொண்டுவந்து வைத்துவிட்டு, "கொழந்த காத்துனு இருப்பா, போடுங்க" என்று ஹெட்போனை மாட்டிக்கொண்டார்.

தொலைபேசிக் கம்பியைச் சொருகி இணைப்பை அமுக்கினார் வீட்டுக்காரர். வழக்கமான கரகரப்பு கேட்கவில்லை. மோடத்தைக் காணவில்லை என்பது போல ஆங்கிலத்தில் ஒரு செய்தி வந்தது. அதுவும் வெகு வேகமாக வந்தது. மறுபடி அமுக்கினார். மறுபடியும் அதே செய்தி.

"என்னத்த நிறுத்தினீங்க சார்?" என்று கேட்டேன்.

"வேண்டாததைத்தான்."

சர்வீசஸ் திரையைத் திறந்தேன். 'ஸ்டார்ட்டட்' என்ற சொல் அங்கங்கே தனியாக நின்றது, விடுமுறை நாளில் பள்ளிக்கூடத்துக்கு வந்துவிட்ட பிள்ளைகளைப் போல. டெலிஃபோனி என்று இருந்ததில் 'டிஸேபிள்ட்'.

"டெலிஃபோனிய ஏன் சார் நிறுத்தினீங்க?"

"ஹால்ல ஃபோன் தனியா இருக்குதே. கம்ப்யூட்டர்ல எதுக்கு இன்னொண்ணு?"

"ஆடியோ?"

"நான் பாட்டு டேப்ரிக்கார்டர்லதான கேக்கறேன்."

அவர் சொன்னது எதுவும் பொய்யில்லை. அம்மா ஹெட்போனைக் கழற்றாமலே எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். கேசரித் தட்டை வீட்டுக்காரர் பக்கத்திலிருந்து எடுத்துத் தம்பியின் பக்கம் நகர்த்தி வைத்தார். அவ்வளவுதான் செய்தார்.

"இரு அக்கா," என்று மச்சான் எழுந்தார். தொலைபேசிக் கம்பியையும் ஹெட்போன் கம்பியையும் பிடுங்கித் தன் பெட்டியின் பின்னால் சொருகினார். அக்கா மகளோடு அவரும் பேசுவதுண்டு என்பதால் வேண்டியதெல்லாம் அதில் இருந்தது. கரகரப்பு எழுந்தது. அந்த நாராசச் சத்தத்தைக் கேட்டு அன்று அந்த வீட்டில் எல்லோரும் மூச்சு விட்டோம்.

அம்மா பேசினார். மகளுக்கு அங்கே ஒரு பள்ளிக்கூடத்தில் வேலை கிடைத்திருந்தது. இரண்டு வருடமாக முயற்சி செய்து, நான்கு நாளாக இந்த ஞாயிற்றுக்கிழமைக்காக அதை யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்தாளாம். அம்மா கேட்டுக்கொண்டே அழுதார், அழுதுகொண்டே ஹெட்போனைக் கழற்றி வீட்டுக்காரருக்கு மாட்டிவிட்டார். வேறு வழியில்லாமல் அவர் மச்சானுடைய கம்ப்யூட்டருக்கு முன்னால் உட்கார்ந்தார். சந்தோஷம் என்றார், சம்பளம் கேட்டார், குளிருக்குச் சட்டை போடச் சொன்னார். பிறகு மகள் ஏதோ கேட்டாள். அவர் மைக்கைக் கையால் மூடிக்கொண்டு எங்களைத் திரும்பிப் பார்த்தார்.

"என்னாவாம்?" என்றார் அம்மா.

"கம்ப்யூட்டர் புதுசு வாங்கிட்டீங்களான்னு கேக்கறா. குரல் தெளிவா கேக்குதாம்."

மச்சான் ஜன்னல் பக்கம் திரும்பித் தெருவைப் பார்த்தார். அவர் தோள்கள் குலுங்கியதை நான் மட்டும்தான் பார்த்தேன் என்று நினைக்கிறேன்.

அன்று சாயங்காலம் நான் சர்வீசஸ் திரையை மறுபடி திறந்தேன். இந்த முறை அம்மா என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார், வீட்டுக்காரர் பின்னால் நின்றார். டெலிஃபோனியைத் திருப்பிச் சேர்த்தோம். அதை நம்பியிருந்த இன்னும் சிலரையும், ஆடியோவையும். ஒவ்வொன்றுக்கும் அம்மா, "இது இருந்தா அவ பேசறது கேக்குமா?" என்று ஒரே கேள்வியைக் கேட்டார். நீலப் பட்டையையும் திரும்பக் கேட்டார். அலர்ட்டர் மட்டும் வெளியிலேயே இருக்கட்டும் என்று வீட்டுக்காரர் பின்னாலிருந்து சொன்னார். அதற்கு யாரும் மறுப்பு சொல்லவில்லை.

அதற்குப் பிறகு கம்ப்யூட்டர் பழையதைவிடச் சீக்கிரம் திறந்தது, மச்சானுடையதைவிடக் கொஞ்சம் தாமதமாக. ஆனால் மகளின் குரல் அதிலும் முழுசாக வந்தது. பூனையும் பிரெஞ்சும் போனதால்தான் என்று நான் சொன்னேன். லைன் இப்போது நன்றாக இருக்கிறது என்பது வீட்டுக்காரரின் கட்சி. இலவச சிடி வருவது நிற்கவில்லை. அவற்றை அம்மா மாடியில் புறாவை விரட்டக் கட்டித் தொங்கவிட்டார்.

சில மாதம் கழித்து மச்சான் தன் பழைய இயந்திரத்தைக் கொடுத்துவிட்டு, எக்ஸ்பி போட்ட புதுக் கம்ப்யூட்டர் வாங்கினார். அதைப் பார்க்க வீட்டுக்காரர் ஒக்கலிபுரத்துக்கு பஸ் ஏறிய உடனே அம்மா தம்பிக்கு ஃபோன் செய்தார். நான் அப்போது வாடகை கொடுக்கக் கீழே வந்திருந்தேன்.

"மாமா வராரு. காபி குடு, டிபன் குடு. மவுஸ மட்டும் கையில குடுக்காத."

மறுநாள் ஆபீசில் எனக்கு ஒரு ஃபோன் வந்தது. மச்சான்தான் பேசினார்.

"தம்பி, மவுஸ கழட்டி அலமாரில வச்சிப் பூட்டிட்டேன். அப்பவும் எப்படியோ பண்ணிட்டாரு. நேத்துலேந்து சத்தமே வரல."

மவுஸ் இல்லாமல் விசைப்பலகையிலேயே எல்லாவற்றையும் செய்யலாம் என்று வீட்டுக்காரர் எங்கேயோ படித்துத் தெரிந்துகொண்டிருந்தார். நான் சொல்லித் தரவில்லை.

"சார் இப்ப எங்க இருக்காரு?" என்று கேட்டேன்.

"இங்கதான். ராத்திரி தங்கிட்டாரு. எங்க வீட்டு பிரிட்ஜ தொறந்து வச்சினு, உள்ள எது வேண்டாததுன்னு பாத்துனு நிக்கறாரு," என்றார் மச்சான். "நீ கொஞ்சம் சீக்கிரம் வர முடியுமா?"