ஆட்டுக் களவு வழக்கில் ஆறாம் சாட்சி

தங்கத்தாய்க்கு ஒரு பழக்கம் உண்டு. கடையில் வறுகடலை வாங்கினால் கடலையைத் தின்பதற்கு முன்னால் பொட்டலத்தாளைப் பிரித்துப் படிப்பாள். பாதிச் செய்தியில் தாள் கிழிந்திருந்தால் அன்று முழுக்க அவளுக்கு இருப்புக் கொள்ளாது. சங்கரன்கோவிலில் பெண்கள் ஆரம்பப் பள்ளியில் மூன்றாம் வகுப்பு டீச்சர். வயது இருபத்து மூன்று. இப்படிப்பட்டவளிடம் போய், காரணத்தைக் கேட்காதே என்று யாராவது சொல்வார்களா? அவளுடைய அப்பா கருத்தப்பாண்டி சொன்னார்.

அது 1952 புரட்டாசி மாதம். புளியங்குடியிலிருந்து வந்து பெண் பார்த்துவிட்டுப் போயிருந்தார்கள். மாப்பிள்ளை மருதப்பன் தபாலாபீஸ் குமாஸ்தா. கிளம்பும்போது, "என்ன படிப்பீங்க?" என்று அவளிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தான். இதற்கு முன் வந்த மூன்று மாப்பிள்ளைகளில் ஒருத்தன்கூட அதைக் கேட்டதில்லை. தங்கத்தாய்க்கு அவனைப் பிடித்துப் போயிற்று. அதை மறைக்கவும் அவளுக்குத் தெரியவில்லை. பூ வைக்க நாள் குறிக்கப் போகிற சமயத்தில், கொஞ்சம் பொறுக்கலாம் என்று அங்கிருந்து ஆள் வந்து சொல்லிவிட்டுப் போனது.

"காரணத்தைக் கேக்காதட்டி. வேற இடம் பாப்போம்," என்றார் கருத்தப்பாண்டி.

அவள் மூன்று நாள் கேட்டாள். பருத்திக்கொட்டையும் புண்ணாக்கும் விற்கிற கடைக்கு அவர் கிளம்பும்போது கேட்டாள், திரும்பும்போது கேட்டாள், சோற்றில் கை வைக்கும்போது கேட்டாள். தாயில்லாத பிள்ளை என்று செல்லம் கொடுத்து வளர்த்த மனிதர் எத்தனை நாள்தான் தாங்குவார்?

"ஒந் தாத்தாவுக்கு ஒரு அண்ணன் இருந்தாரு. மூக்காண்டின்னு பேரு. அவருக்குப் பைத்தியம். மாப்பிள்ளையோட தாய்மாமன் பத்திரம் எழுதுதவன். ரிஜிஸ்தர் ஆபீஸ்ல பழைய பத்திரத்தப் பாத்திருக்கான். அந்த ரத்தம் ஒனக்கும் இருக்கும்லா, பொறக்கப் போற பிள்ளைக்கும் வரும்லான்னு மாப்பிள்ளையோட அம்மை பயப்படுதா. 'வே, இதுக்குப் பதில் சொல்லும்'னு வந்த ஆளு கேட்டா நான் என்னத்தச் சொல்ல?"

தன் வீட்டில் இப்படி ஒருவர் இருந்தார் என்பதே தங்கத்தாய்க்கு அன்றுதான் தெரியும். அமாவாசைப் படையலில் செத்துப்போன அத்தனை பேர் பெயரையும் அப்பா வரிசையாகச் சொல்வார். மூக்காண்டி என்ற பெயரை ஒரு தடவைகூட அவள் கேட்டதில்லை. கல்யாணம் நிற்கிறதே என்ற வருத்தம் ஒரு பக்கம் இருக்க, யார் இந்த மனிதர் என்ற கேள்வி இன்னொரு பக்கம் அவளைப் பிறாண்ட ஆரம்பித்தது.

தாத்தா சங்கரபாண்டியனின் தகரப்பெட்டி பரண்மேல் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை அதை இறக்கினாள். ஓலை ஜாதகங்கள், பாச்சை அரித்த தீர்வை ரசீதுகள், அவற்றுக்கு அடியில் அந்தப் பத்திரம். 1913 ஜனவரியில் தாத்தா தன் சிற்றப்பா வகையறாவோடு செய்துகொண்ட பாகப்பிரிவினை. மேலநீலிதநல்லூர் கிணறும் கரிசல்காடும் இரண்டு அண்ணன் தம்பிக்கும் சேர்ந்து வந்திருக்கிறது. கையெழுத்து மட்டும் ஒன்று. 'என் தமையனார் மூக்காண்டி சித்தசுவாதீனமற்றவராய், சங்கரநயினார் கோவிலில் ஒரு மண்டலம் கிடந்தும் குணமடையாதவராய் இருக்கிறபடியால், அவர் பாகத்தையும் நானே ஏற்று, அவரை ஆயுள்பரியந்தம் சம்ரட்சித்து வருவேன்' என்று தாத்தா எழுதிக் கொடுத்திருந்தார்.

கோவிலில் கிடந்தார் என்றால் இந்த ஊரில் யாருக்கும் விளக்க வேண்டாம். புத்தி பேதலித்தவர்களைக் கூட்டிவந்து அம்மன் சன்னதிக்கு முன்னாலிருக்கிற சக்கரக் குழியில் உட்கார வைப்பார்கள். தங்கத்தாயே எத்தனையோ பேரைப் பார்த்திருக்கிறாள்.

பத்திரத்தை மடிக்கும்போது உள்ளேயிருந்து ஒரு தபால் கார்டு விழுந்தது. 1929-ல் புளியங்குடியிலிருந்து ஒரு தோட்டக்காரர் தாத்தாவுக்கு எழுதியது. 'தங்கள் தமையனார் மூக்காண்டி நேற்றுக் காய்ச்சலில் காலமானார். பதினாறு வருஷமாக என் எலுமிச்சைத் தோட்டத்துக்குக் காவல் இருந்தவர். அவர் இருந்தவரை ஒரு காய் களவு போனதில்லை. மனைவி மக்கள் இல்லாததால் நாங்களே அடக்கம் செய்தோம்.'

தங்கத்தாய் கார்டை இரண்டு தரம் படித்தாள். பைத்தியத்தை நம்பி யாராவது பதினாறு வருஷம் தோட்டத்தை விடுவார்களா? அதுவும் எலுமிச்சைத் தோட்டத்தை? 1929-ல் பதினாறைக் கழித்தால் 1913. பத்திரம் பதிவான அதே வருஷம். அந்த வருஷம் என்னதான் நடந்தது?

யாரிடம் கேட்பது என்று அவள் தவித்தபோது தலைமை டீச்சர், வக்கீல் குமாஸ்தா ஜெயசிங்கைப் போய்க் கேட்கச் சொன்னார். அறுபது வயது தாண்டியவர். சின்ன வயதிலிருந்து ஒரே வக்கீலிடம் குமாஸ்தாவாக இருந்தவர். வக்கீல் காலமாகிப் பத்து வருஷம் ஆகியும் எஜமான் நினைப்பு அவரை விட்டுப் போகவில்லை.

"மூக்காண்டியா? ஆட்டுக் களவு வழக்கு மூக்காண்டியா?" என்றார் ஜெயசிங். கேட்டுக்கொண்டே எழுந்து அலமாரியைத் திறந்தார்.

உள்ளே தடித்தடியாகப் பதினான்கு நோட்டுகள் இருந்தன. வக்கீலுக்கு ஒரு சபலம். பத்திரிகையில் தன் பெயர் எங்கே வந்தாலும் அதை வெட்டி ஒட்டி வைக்க வேண்டும். ஜெயித்த வழக்கா தோற்ற வழக்கா என்ற பேதமெல்லாம் கிடையாது. கத்திரியும் பசையுமாக அந்த வேலையைச் செய்தவர் ஜெயசிங்.

"இது அவரு தோத்தது. அதுவும் சந்தி சிரிக்கத் தோத்தது. இருந்தாலும் பேரு வந்துருக்குல்லா, ஒட்டுடேன்னுட்டாரு," என்று இரண்டாவது நோட்டைப் பிரித்துக் காட்டினார்.

1913 ஏப்ரல் என்று தேதி போட்டிருந்தது. தாள் வெற்றிலைச் சருகாகிவிட்டது, எழுத்து அழியவில்லை. தங்கத்தாய் மூச்சு விடாமல் படித்தாள்.

'சங்கரநயினார்கோவில் ஆட்டுக் களவு வழக்கில் ஆறாவது சாட்சியாக மேலநீலிதநல்லூர் ஆட்டுக்காரர் மூக்காண்டி விசாரிக்கப்பட்டார். எதிரிகளின் வக்கீல், "நீர் கோவிலில் ஒரு மண்டலம் கிடந்த பைத்தியந்தானே?" என்று கேட்க, சாட்சி, "உடம்பெல்லாம் படை. புற்றுமண் பூசிக் கிடந்தேன். எனக்கு அடுத்த தூணில் வக்கீல் எஜமானின் தாயார் தேமலுக்குக் கிடந்தார்கள். அவர்களுக்கும் அதே பெயர்தானா?" என்றார். கோர்ட்டில் நகைப்பு உண்டாயிற்று.'

தங்கத்தாயும் சிரித்துவிட்டாள். சிரித்த வாயோடு அடுத்த வரிக்குப் போனாள்.

'பின்பு வக்கீல், சென்ற ஜனவரியில் பதிவான பாகப்பிரிவினைப் பத்திரத்தைக் காட்டி, சாட்சி சித்தசுவாதீனமற்றவர் என்று அவருடைய சொந்தத் தம்பியே எழுதிக் கொடுத்திருப்பதாகச் சொன்னார். சாட்சி, "எந்தப் பத்திரம்?" என்று கேட்டார்.'

அதற்குக் கீழே இன்னும் ஒரு பத்தி இருந்தது. மாஜிஸ்திரேட் நாற்பது ஆடுகளைக் கோர்ட்டு வாசலுக்குக் கொண்டுவரச் சொன்னாராம். மூக்காண்டி காதிலிருக்கிற வெட்டு அடையாளத்தை மட்டும் பார்த்துக் களவுபோன பதினோரு ஆட்டையும் பிரித்து நிறுத்தினாராம். சாட்சி தெளிந்த புத்தியுள்ளவர் என்று தீர்ப்பில் எழுதி, எதிரிகளுக்கு ஆறு மாதம் தண்டனை விதிக்கப்பட்டது. அதெல்லாம் தங்கத்தாய் கண்ணில் சரியாகப் படவில்லை. எந்தப் பத்திரம் என்ற இடத்திலேயே அவள் நின்றுவிட்டாள். தான் பைத்தியமாக்கப்பட்டது அந்த மனிதருக்குக் கூண்டில் நிற்கும்போதுதான் தெரிந்திருக்கிறது. அத்தனை பேர் சிரித்து முடித்த மறு நிமிஷத்தில்.

"நீங்க அங்கன இருந்தீங்களா அண்ணாச்சி?"

"இருந்தேன். கேஸ் முடிஞ்சதும் எங்க எஜமானுக்கே மனசு கேக்கல. 'நான் தம்பிடி வாங்காம நடத்துதேன், அந்தப் பத்திரத்த ஒடைப்போம் வாரும்'னு கூப்பிட்டாரு. மூக்காண்டி வரமாட்டேன்னுட்டாரு."

"ஏனாம்?"

"'ஆடுன்னா காதப் பாத்து என்னோடதுன்னு சொல்லிருவேன். தம்பிய எதப் பாத்துச் சொல்ல?'ன்னாரு. அதோட துண்ட ஒதறித் தோள்ல போட்டாரு. மேலநீலிதநல்லூர் ரோட்டுக்கே போகல. புளியங்குடிப் பக்கமா நடந்து போயிட்டாரு."

நோட்டை வெளியே கொடுக்க ஜெயசிங்குக்கு மனமில்லை. தங்கத்தாய் அங்கேயே உட்கார்ந்து வரி விடாமல் எழுதிக்கொண்டு வீட்டுக்கு வந்தாள்.

கருத்தப்பாண்டி அதைப் படித்தார். சிரிப்பு வருகிற இடத்தில் அவருக்கும் மீசை அசைந்தது. அடுத்த வரியில் முகம் இருண்டது. சுவரில் சந்தனப் பொட்டோடு அவருடைய அப்பா சங்கரபாண்டியனின் படம் தொங்கிக்கொண்டிருந்தது. இந்த வீடு அந்தக் கரிசல்காட்டு வெள்ளாமையில் எழும்பியது.

"செத்துப் போனவரக் கோர்ட்டுக்கு இழுக்கியா?" என்றார்.

"நான் எங்க இழுத்தேன்? பேப்பர்ல இருக்கு."

"சரி, பைத்தியம் இல்லன்னு தெரிஞ்சிபோச்சு. நல்லதுதான். கோர்ட்ல நகைப்பு உண்டாயிற்றுங்கிறது வரைக்கும் எழுதி அவங்களுக்கு அனுப்பு. அதுக்குக் கீழ வேண்டாம்."

"பாதித் தாளக் கிழிச்சுக் குடுக்கச் சொல்லுதீங்களா அப்பா? அவங்க பத்திரத்தப் பாத்தவங்க. இவரு தெளிவான ஆளுன்னா அந்தப் பத்திரம் என்னதுன்னு கேக்க மாட்டாங்களா?"

கேட்பார்கள் என்று அவருக்குத் தெரியாதா என்ன? மூக்காண்டி பைத்தியம் என்றால் மகள் கல்யாணம் நிற்கும். பைத்தியம் இல்லையென்றால் பெற்ற தகப்பன் களவாணி ஆவார். நடுவே ஒதுங்கி நிற்க இடமே இல்லை. எட்டு நாள் அவர் மகளோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. தங்கத்தாயும் இந்தத் தடவை எதுவும் கேட்கவில்லை. கேள்வி கேட்டே வளர்ந்தவள் வாயை மூடிக்கொண்டிருந்தாள் என்றால் அவள் பட்ட பாட்டைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒன்பதாம் நாள் கருத்தப்பாண்டி கடையைப் பூட்டிவிட்டுப் புளியங்குடி பஸ் ஏறினார். சாயங்காலம் துண்டில் மூன்று எலுமிச்சம்பழத்தை முடிந்துகொண்டு திரும்பி வந்தார்.

"தோட்டத்தப் பாத்துட்டு வாரேன். அடக்கம் பண்ணின எடத்துல ஒரு வேம்பு நிக்கி. பழைய ஆளு ஒருத்தன் இன்னும் அங்கன வேல பாக்கான். பெரியப்பா தனக்குத்தானே பேசிக்கிட்டே காவல் சுத்துவாராம். உள்ள ரெண்டு ஆளு இருக்குன்னு களவாணிப் பயலுவ வேலி பக்கமே வரமாட்டானுவளாம்."

பெரியப்பா என்று அவர் சொல்லி அன்றுதான் அவள் கேட்டாள்.

"நீங்களும்தான் கடையில நெறுக்கும்போது தனக்குத்தானே பேசுதீங்க," என்றாள் தங்கத்தாய்.

"அதையும் சொல்லிருவோம்," என்றார் கருத்தப்பாண்டி. "ஞாயித்துக்கெழம அவங்கள வரச் சொல்லியாச்சு."

மாப்பிள்ளையின் அம்மா கோமதித்தாயும் மருதப்பனும் வந்தார்கள். தங்கத்தாய் எழுதி வைத்திருந்ததை மருதப்பன் உரக்கப் படித்தான். எந்தப் பத்திரம் என்ற இடம் வந்ததும் அவன் குரல் தானாகத் தணிந்தது. கோமதித்தாய் கருத்தப்பாண்டியைப் பார்த்தாள்.

"அப்பம் பத்திரத்துல எழுதினது பொய்யா அண்ணாச்சி?"

கருத்தப்பாண்டி ஒரு தடவை சுவர்ப் படத்தை நிமிர்ந்து பார்த்தார்.

"பொய்தான் தாயி. எழுதினது எங்க ஐயா. கூடப் பொறந்தவரு பங்கத் திங்கதுக்காக எழுதினாரு. அந்தப் பத்திரத்தால பெரியப்பாவுக்கு யாரும் பொண்ணு குடுக்கல. இன்னைக்கு எம் பிள்ளைக்கு முன்னாலயும் அதுதான் வந்து நிக்கி. அந்தக் காட்டுல வெளஞ்சதத் தின்னுதான் நானும் வளந்தேன். இதுல மறைக்க ஒண்ணுமில்ல."

கல்யாணம் நடக்குமா என்பதைக்கூட அந்த நேரம் தங்கத்தாய் மறந்துபோனாள். அப்பாவைப் பார்க்கப் பார்க்க அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

"பைத்தியம் ரத்தத்துல வருமேன்னு பயந்தேன்," என்றாள் கோமதித்தாய். "இப்பம் நீங்க சொல்லுததப் பாத்தா, களவு ரத்தத்துல வருமான்னுல்லா நான் பயப்படணும்." அவள் காப்பித் தம்ளரை எடுத்து ஒரு வாய் குடித்தாள். "வராதுன்னு இப்பம் காதாரக் கேட்டுட்டேன். தை மாசத்துல நாளு பாருங்க."

தை அமாவாசைப் படையலில் கருத்தப்பாண்டி மூக்காண்டி பெயரை முதலில் சொன்னார். மூத்தவர் பெயர்தானே முதலில் வரவேண்டும்? கல்யாணக் கடிதாசியிலும் அப்படியே அச்சடித்தார்கள்: 'மேலநீலிதநல்லூர் மூக்காண்டி, சங்கரபாண்டியன் ஆகியோரின் பேத்தி.' ஒரு கடிதாசியை எடுத்துக்கொண்டு தங்கத்தாய் ஜெயசிங்கை அழைக்கப் போனாள்.

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வாசித்தார். பிறகு கத்திரியை எடுத்து அந்தப் பெயர் இருந்த வரியை மட்டும் நறுக்கினார். இரண்டாவது நோட்டைப் பிரித்து ஆட்டுக் களவு வழக்குக்குக் கீழே வைத்துப் பசை தடவினார்.

"இதுல ஒங்க எஜமான் பேரு இல்லையே அண்ணாச்சி," என்றாள் தங்கத்தாய்.

"நோட்டு அவருது டீச்சரம்மா, இந்தத் துண்டு மட்டும் என் கணக்கு," என்றார் ஜெயசிங், ஓரத்தைப் பெருவிரலால் அழுத்திக்கொண்டே. "அன்னைக்குக் கூண்டுல அந்தப் பத்திரத்த நீட்டினது எங்க எஜமான். ரிஜிஸ்தர் ஆபீஸ்ல தேடி எடுத்துக் குடுத்தது நான்லா."