செல்லத்தாய் கேட்டு வாங்கிய வார்த்தை

பூதப்பாண்டியில் கல்யாணத் தரகு பார்த்த செல்லத்தாய்க்கு வார்த்தைதான் முதல். மாறுகண் பெண்ணா? "ஒரே நேரம் அடுப்பையும் வாசலையும் பாத்துக்கிடுவா" என்பாள். குறட்டை விடும் மாப்பிள்ளையை "நல்லா உறங்குறவன், மனசுல கள்ளம் கிடையாது" என்பாள். ஊரில் பாதிப் பேருக்குக் கல்யாணம் முடித்துவைத்தவள், தான் யாரையும் கட்டிக்கொள்ளவில்லை. ஆப்பக்கடை சொர்ணம்மாளோடு பதினாறு வருசமாக ஒரே வீடு, ஒரே பாய்.

1931-இல் தேரோட்டத்தன்று, வடம் பிடித்த கூட்டத்தில், வயல்கார தாணுமாலயன் அவர்கள் இருவரையும் கைகாட்டி ஒரு கெட்ட வார்த்தை சொன்னார். நாலு பேர் சிரித்தார்கள். செல்லத்தாயும் சிரித்துவைத்தாள். அவர் வீட்டில் கல்யாண வயசில் மகள் இருப்பது அவளுக்குத் தெரியும்.

ஆவணியில் அவரே தேடி வந்தார். மற்ற தரகர்கள் கொண்டுவந்த மூன்று வரனும் தட்டிப்போயிருந்தன.

"அஞ்சுகிராமத்துல தங்கமான பையன் இருக்கான், அண்ணாச்சி. ஆனா தரகுக்காரி யாருகூட இருக்கான்னு அவிய விசாரிப்பாவ. என்ன சொல்லுவிய?"

"சிநேகிதின்னு..."

"சிநேகிதின்னா பொழுதடஞ்சா அவ வீட்டுக்குப் போயிருவால்லா?"

"தங்கச்சின்னு சொல்லட்டா?"

"செத்துப்போன எங்கப்பாவ எதுக்கு வம்புல இழுக்கிய?"

உள்ளேயிருந்து சொர்ணம்மாள் குரல் கொடுத்தாள்: "தேரோட்டத்துல ஒண்ணு சொன்னாவளே, அது மறந்துபோச்சா?"

தாணுமாலயனுக்கு வேர்த்தது. செல்லத்தாய் விசிறியை எடுத்துக் கொடுத்தாள்.

"உங்களுக்கு மதினி மேல உள்ள பிரியந்தான் எனக்கு இவ மேல. அதுக்கு அசிங்கமா ஒரு பேரு எதுக்கு? இணைன்னு சொல்லுங்க."

"இணை" என்றார், தரையைப் பார்த்து.

"அவளுக்குக் காது கொஞ்சம் மந்தம், அண்ணாச்சி."

சொர்ணம்மாளுக்குத் தெருமுனையில் தேங்காய் விழுந்தாலும் கேட்கும். ஆனாலும் "என்னது?" என்றாள். மூன்றாவது தடவை, பக்கத்து வீட்டுக்காரி எட்டிப்பார்க்கும்படி கத்திச் சொன்னார் தாணுமாலயன்.

கல்யாணம் நடந்தது. பந்தியில், "ஏலே, செல்லத்தாய்க்கும் அவ இணைக்கும் எலை போடுங்கலே" என்று அவரே சத்தம்போட்டார். பரிமாறினவன் பருப்பு வாளியைக் கீழே வைத்துவிட்டு, பக்கத்துப் பக்கத்தில் இரண்டு இலை போட்டான்.

சொர்ணம்மாளுக்குத்தான் வெட்கம். "ஊருக்கெல்லாம் கொட்டடிக்கணுமா, ஏட்டி?" என்று இரண்டு நாள் முகம் கொடுக்கவில்லை. மூன்றாம் நாள் மீன்காரி நேசபாய் கூடையை இறக்கியபோது, "என் இணைக்குச் சாளைன்னா உயிரு, ரெண்டு கூடப் போடு" என்றாள்.

நேசபாய் நாலாகப் போட்டாள்.